என் சோறும் நேத்தண்ணன் கையும்

கோயமுத்தூர் ஜில்லாவிலேயே சுடச்சுடச் சமைத்ததைச் சாப்பிட மறுத்த ஒரே மனிதர் எங்கள் மாடி வீட்டு நேத்தண்ணன்தான். ஆவி பறக்கும் சோற்றை இலையில் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். "இது இன்னும் பழகலீங்க" என்பார்.

கணபதி ஏரியாவில் நாங்கள் கீழ் வீடு, அவர் மாடி. டவுன் பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர், மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு தனி ஆள். "இன்னைக்கு என்ன சமையலுங்கண்ணா?" என்று யார் கேட்டாலும், "நேத்து வெச்சதுதானுங்க" என்று பதில் வரும். தெருவே அதைப் பேராக்கிவிட்டது. காஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர்கூட "நேத்தண்ணா!" என்றுதான் குரல் கொடுப்பார்.

எங்களுக்குள் பகை மூண்டது என் ஞாயிற்றுக்கிழமைச் சமையலால். பகை என்றால் என் பக்கம் மட்டும்தான், அவருக்கு அது தெரியவே தெரியாது. "ஞாயித்துக்கிழமை அடுப்பு எம்பட பொறுப்பு" என்று கல்யாணமான புதிதில் சரசுவிடம் வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். செல்போனில் வீடியோ பார்த்து வியர்க்க விறுவிறுக்கச் சமைப்பேன். அவள் முதல் வாய் வைத்ததும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். மென்று, விழுங்கி, கொஞ்சம் யோசித்து, "உப்பு சரியா இருக்குதுங்க" என்பாள். ஒரே ஒரு 'நல்லாருக்குது'க்காக நான் தவமாய்த் தவம் கிடந்தேன்.

ஒரு ஞாயிறு அரிசிம்பருப்புச் சோறு செய்தேன். கொங்கு நாட்டில் யாராலும் கெடுக்க முடியாத பண்டம் அது. நான் கெடுத்தேன். களிக்கும் கஞ்சிக்கும் நடுவில் ஒரு புது ஐட்டமாக அது வந்து சேர்ந்தது. மத்தியானம் நேத்தண்ணன் கதவோரம் எட்டிப் பார்த்தார்.

"ஏனுங் தம்பி, ஏற முடியாம நின்னவங்க யாராச்சும் இருக்காங்களா?"

மிச்சம் இருக்கிறதா என்பதைத்தான் அப்படிக் கேட்பார். தொலைந்தது சனி என்று போசிப் பாத்திரத்தோடு தூக்கிக் கொடுத்துவிட்டேன்.

வாங்கிய போசியை வெறுமையாகத் திருப்பித் தரமாட்டார்களே நம் ஊரில்! திங்கட்கிழமை காலை அதில் அடை வந்தது. என் சோற்றைப் பிசைந்து, சின்ன வெங்காயம், கறிவேப்பிலை போட்டு, ராகி மாவு தூவி, கல்லில் மொறுமொறுவென்று தட்டியிருந்தார். சரசு ஒரு விள்ளல் வாயில் போட்டுக் கண்ணை மூடினாள்.

"அண்ணன் கைதானுங்க கை! நெம்ப நல்லாருக்குதுங்க!"

"அது எம்பட சோறு சரசு!"

"அப்பறம் நேத்து ஏனுங்க இப்பிடி இல்ல?"

அடிவயிறு பற்றி எரிந்தது. ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே என்பார்கள். இங்கே நெய்யும் என்னுடையது, பொண்டாட்டியும் என்னுடையவள், பேர் மட்டும் அவருக்கு!

அதோடு விட்டாரா? என் கொழகொழ வெண்டைக்காய் மோர்க்குழம்புக்குள் விழுந்து மானத்தோடு திரும்பியது. நாய்கூட முகர்ந்து பார்த்துவிட்டுப் போன என் சப்பாத்தி, முட்டையோடு கொத்துப்பட்டு மணக்க மணக்க வந்தது. மாடிப்படியில் நின்றால் அவர் சட்டியோடு பேசுவது கேட்கும். "உள்ள போ, உள்ள போ, இன்னும் எடமிருக்குது பாரு!" கீழே நான் பல்லைக் கடிப்பேன்.

கடைசியில் ஆயுதத்தையே பிடுங்கிவிடுவது என்று முடிவு செய்தேன். அடுத்த ஞாயிறு துளி மிச்சமில்லாமல் அளந்து சமைத்தேன். சரசு இன்னொரு கரண்டி சோறு கேட்டாள். காலிச் சட்டியைக் கவிழ்த்துக் காட்டினேன்.

"ஒரு கரண்டி சோறு கூடவா இல்ல? ஊட்ல என்ன பஞ்சமுங்களா?"

நேத்தண்ணன் வந்தார். "மிச்சமே இல்லீங்கண்ணா" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி. "ஃபுல்லுங்களா? சந்தோசமுங்க" என்று சிரித்துவிட்டுப் போனார். திங்கட்கிழமை போசி வரவில்லை. சரசு என் முகத்தைப் பார்த்துப் பேசவும் இல்லை.

அடுத்து நேரடித் தாக்குதல். பச்சைக் காய்கறி, புது அரிசி, பருப்பு எல்லாம் வாங்கிக் கொடுத்து, "இந்த ஞாயிறு உங்க சமையலுங்கண்ணா, சுடச்சுட" என்றேன். பாவம், மாட்டிக்கொண்டார். சோறு வேகாமல் அரிசி அரிசியாக நின்றது. சாம்பாரில் முருங்கைக்காய் ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம். சரசு மென்றாள், விழுங்கினாள், யோசித்தாள்.

"உப்பு சரியா இருக்குதுங்கண்ணா."

ஆஹா! அந்த ஒரு நிமிஷத்துக்கு ராஜா நான். நேத்தண்ணனோ துளியும் வருத்தப்படாமல் எல்லாவற்றையும் வழித்து எடுத்துக்கொண்டார். மறுநாள் காலை அதே சோறும் அதே சாம்பாரும் வெங்காய வடகம் தாளித்து ஒன்றாகக் குழைந்து வந்தன. சரசு போசியைச் சுரண்டித் தின்றாள். நானும் ஒளிந்து நின்று ஒரு வாய் தின்றேன். நன்றாகத்தான் இருந்தது, என்ன செய்ய.

போன வருஷம் பீளமேட்டில் மகள் குடியிருக்கும் அப்பார்ட்மெண்டுக்கு அவர் போய்விட்டார். ஒழிந்தது போட்டி என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு நாள் சரசுவோடு பார்க்கப் போனேன். சமையல் மேடையில் ஊரார் வீட்டு டப்பாக்கள் வரிசையாக இருந்தன.

"இது யாரோட சாம்பாருங்கண்ணா?"

"எதுத்த ஊட்டு இன்ஜினியர் தம்பியோடதுங்க. அருமையா வெப்பாருங்க."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சரசு அடையைப் புகழ்ந்தபோதுகூட வயிறு அவ்வளவு எரியவில்லை. யார் இந்த இன்ஜினியர்? நேத்தண்ணனுக்கு மிச்சம் கொடுக்க இவன் யார்?

அவர் டப்பாவை மூடிவிட்டு மெதுவாகச் சொன்னார். "அருமைதானுங்க. ஆனா அதுல எனக்குன்னு ஒரு வேலையும் இருக்காது. தாளிச்சா முடிஞ்சுது. உங்குளுதுன்னா, விடிஞ்சா இன்னைக்குப் பண்ண வேல இருக்குதுன்னு எந்திரிப்பேனுங் தம்பி. இங்க வந்து உங்க சமையலுக்குத்தான் மனசு ஏங்கிப்போச்சுங்க."

என் சமையலுக்கு ஏங்கியதாக இதுவரை யாரும் என்னிடம் சொன்னதில்லை. சரசு முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்ததால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மூன்று பேருக்குச் சமைக்கிறேன். மத்தியானம் தூக்குப்போசியோடு பீளமேடு பஸ் ஏறிவிடுவேன். அந்த இன்ஜினியருக்கு அவரை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.