ஏழும் அடைந்துவிட்டன என்றது பொய்

பேரனை வளர்த்துக் கொடுக்கப் போயிருக்கும் என் அன்பு மனைவிக்கு,

நலம். அங்கே நீயும் மகளும் மருமகனும் பேரனும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தினமும் போனில் பேசுகிறவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நீ கேட்பாய். போனில் நீ ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறாய். மகள் கேட்கிறாள், மருமகன் கேட்கிறார், நடுவில் பேரன் கத்துகிறான். சில செய்திகளை அத்தனை பேர் முன்னால் சொல்ல முடியாது. முதலில் நல்ல செய்தி. "அம்மா இன்னும் ஆறு மாசம் இங்கயே இருக்கட்டுமாப்பா?" என்று மகள் கேட்டாள். "தாராளமா இருக்கட்டும்மா" என்று சொல்லிவிட்டேன். இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. சோறு வடிக்கிறேன், சில நாள் அது சோறாகவே வருகிறது. துணி துவைத்து நாற்காலி முதுகில் காயப்போடுகிறேன். நாற்காலிதான் கொஞ்சம் ஊறிப்போய் ஆடுகிறது.

இரண்டாவது செய்தி, நம் கோழிகளில் கொண்டைக்காரியைக் காணவில்லை. இன்றோடு ஒன்பது நாள். தினமும் சாயங்காலம் "ஏழும் அடைஞ்சுதா?" என்று நீ கேட்க, "அடைஞ்சிடுச்சு" என்று நான் சொன்னேனே, அது பொய். கூண்டில் இருப்பது ஐந்து கோழியும் சேவலும்தான். மீட்டர் ரீடிங் எடுத்த காலத்தில், பூட்டிக் கிடக்கும் வீட்டுக்குப் போன மாதம் எழுதியதையே எழுதிவிட்டு வருவேன் இல்லையா, அந்தப் பழக்கத்தில் ஏழு என்று வாயில் வந்துவிட்டது. நாளைக்கு வந்துவிடுவாள், பொய் தானாக மெய்யாகிவிடும் என்று நினைத்தேன். அவள் வரவில்லை.

தேடவில்லை என்று மட்டும் நினைத்துவிடாதே. திறந்துவிட்டு மேய்க்கிற கோழி எந்தச் சந்தில் நுழையும் என்று யாருக்குத் தெரியும்? அதனால் முப்பத்திரண்டு வருஷம் நடந்த அதே வரிசையில் ஒரு வீடு விடாமல் போனேன். எதிர்வீட்டுத் தையல்காரர், "என்ன சார், ரிட்டயர் ஆகியும் மீட்டர் பாக்குற பழக்கம் போகலையா?" என்று சிரித்தார். கோழி என்றதும், "நாய் தூக்கிட்டுப் போயிருக்கும் சார்" என்றார். அவர் வாயைத்தான் முதலில் தைக்க வேண்டும். முனை வீட்டில் புதிதாகக் குடிவந்தவர்களின் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, அந்த வீட்டம்மா துடைப்பத்தோடு வந்து, "யாருய்யா நீ?" என்றாள். பழக்கதோஷம், "மீட்டர்" என்றேன். அடையாள அட்டை கேட்டாள். சட்டைப் பையில் துழாவினால், "வெளியே போகும்முன் கேஸை மூடவும்" என்று நீ எழுதிக் கொடுத்துவிட்டுப் போன சீட்டுதான் இருந்தது. அதைக் காட்டினேன். படித்துப் பார்த்தவள், "வீட்ல அம்மா ஊருக்குப் போயிருக்காங்களா?" என்று கேட்டு, உட்காரவைத்து டீ கொடுத்தாள். வேலையில் இருந்த காலத்தில் இந்தத் தெருவில் எனக்கு ஒருவரும் டீ கொடுத்ததில்லை. சீட்டைக் கிழிந்துவிடாமல் மடித்து வைத்திருக்கிறேன்.

போன வியாழக்கிழமை, "கோழிய எப்படிக் கூப்பிடுவே, ஒரு தடவை கூப்பிட்டுக் காட்டு" என்று கேட்டேனே, நினைவிருக்கிறதா? "உங்களுக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா?" என்று திட்டிவிட்டு, "ப்பா... ப்பா... ப்பா..." என்று கூப்பிட்டாய். உன்னிடம் சொல்லாமல் அதைப் பதிவு செய்துகொண்டேன். சாயங்காலம் போனை முற்றத்தில் வைத்துப் போட்டேன். நான் கூப்பிட்டால் எதிர்ப்பக்கம் ஓடுகிற அத்தனையும் அலறியடித்துக்கொண்டு வந்தன. போனைச் சுற்றி நின்று கழுத்தைச் சாய்த்துப் பார்த்தன. ஒன்று போனுக்குப் பின்பக்கம் போய் நீ அங்கே இருக்கிறாயா என்றுகூடப் பார்த்தது. கொண்டைக்காரி மட்டும் வரவில்லை. "அம்மா வரல, போங்க" என்றேன். இருட்டும்வரை அவை போகவில்லை, நானும் போகவில்லை. மறுநாளும் போட்டேன். அவளுக்காகத்தான் போட்டேன். மூன்றாம் நாள் எல்லாவற்றையும் அடைத்துக் கூண்டை மூடிய பிறகும் ஒரு தடவை போட்டுக் கேட்டேன். அந்தத் திட்டோடு சேர்த்துத்தான்.

நீ கிளம்பிய அன்று கார் பின்னாலேயே தெரு முனைவரை ஓடியவள் அவள். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். அவளுக்கு இருந்த துணிச்சல் எனக்கு இல்லை. உன்னைத் தேடித்தான் எங்கேயோ போய்விட்டாள் என்று நினைக்கிறேன்.

மற்றபடி ஒரு குறையும் இல்லை. ஆறு மாதமோ எட்டு மாதமோ, மகளுக்குத் தேவைப்படும்வரை இருந்துவிட்டு வா. மகளுக்கும் மருமகனுக்கும் என் ஆசிகள். பேரனின் இரண்டு கன்னத்திலும் தாத்தா பங்கைக் கொடுத்துவிடு.

இப்படிக்கு,
கேஸை மறக்காமல் மூடுகிற
உன் வீட்டுக்காரன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில், இப்போது மீட்டர் பார்க்க வருகிற பெண் வந்து, "சார், உங்க மீட்டர்கிட்டயே போக முடியல. கீழ கூடையில ஒரு கோழி அடை உக்காந்திருக்கு, கொத்த வருது" என்றாள். ஊர் மீட்டரெல்லாம் பார்க்கிற மனுஷன் சொந்த வீட்டு மீட்டரை எட்டிப் பார்த்ததில்லை என்று நீ சொல்வது சரிதான். அது துணிக்கொடி கட்டியிருக்கும் சந்து. நீ போனதிலிருந்து நான் அந்தப் பக்கமே போகவில்லை. உன் சேலை இல்லாத கொடியைப் பார்க்கப் பிடிக்கவில்லை. கொண்டைக்காரி உன் பழைய சேலையின் மேல் உட்கார்ந்திருக்கிறாள். அடியில் பதினோரு முட்டை. உன் குரலைப் போட்டேன். தலையைத் தூக்கினாள், எழுந்து வரவில்லை. நிஜமாக நீ வந்தால்தான் எழுவாள் போலிருக்கிறது. இன்னும் பன்னிரண்டு நாளில் குஞ்சு பொரித்துவிடும். ஆறு மாதம், எட்டு மாதம், ஒரு குறையும் இல்லை என்று மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டுப் படி. நானே அடித்திருப்பேன். தாளைக் கிறுக்கி வைத்திருக்கிறேன் என்று நீ திட்டுவாய். திட்டுவதை வந்து திட்டு.