பின்சக்கரத்து முனகல்

"நான் பஸ்லயே போயிக்கிறேன் மாப்பிள்ளை. உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

காரின் பின்கதவைத் திறந்து பிடித்தபடி நின்ற கண்ணாடிக்காரருக்கு முகம் சுருங்கிப் போயிற்று. மூட்டு அறுவை சிகிச்சை முடிந்து, கைத்தடியும் கையுமாக நிற்கும் மாமியார், மருமகனின் காரைவிடக் கூட்ட நேரத்துப் பஸ்ஸே மேல் என்கிறார்.

"பஸ் படியில உங்களால கால் வைக்க முடியுமா அத்தை?"

"முடியலன்னா இன்னைக்குப் போகாம விட்டுடலாம். வலியே இல்ல."

வலியே இல்லை என்று சொன்னபோதே அவர் பல்லைக் கடித்துக்கொண்டதைக் கண்ணாடிக்காரர் பார்த்தார். டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: வாரா வாரம் பயிற்சிக்கு வராவிட்டால் முட்டி விறைத்துவிடும், பிறகு அந்தக் காலால் நடக்கவே முடியாது. கெஞ்சிக் கூத்தாடி அத்தையைக் காரில் ஏற்றி, நேரத்துக்கு முன்பே ஆஸ்பத்திரியில் சேர்த்தார். அத்தை இறங்கி, காரின் கூரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "நல்லபடியாக் கொண்டுவந்து சேர்த்துட்டீங்க" என்றார். மனதார வந்த சொல் அது. இவ்வளவு நன்றி உள்ளவர் ஏன் ஏற மறுக்கிறார் என்பதுதான் புரியவில்லை.

மாலையில் மனைவியிடம் கேட்டார்.

"எனக்கே கார் ஆகாதே, ஏறினாலே குமட்டுது," என்றாள் மனைவி. கல்யாணமான முதல் மாதத்திலிருந்து அவள் பஸ்ஸில்தான் வேலைக்குப் போய்வருகிறாள். "அம்மாவுக்கும் அப்படித்தான் இருக்கும். எப்படியாவது சமாளிச்சுக் கூட்டிட்டுப் போங்க. அந்தக் கால் மடங்காமப் போச்சுன்னா நான் தாங்க மாட்டேன்."

கண்ணாடிக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். நாள் முழுக்க, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று பசுவைப் போன்ற பொறுமையோடு கேட்பவர். காரில் உட்கார்ந்தால் மட்டும் ஆள் கொஞ்சம் மாறுவார். பிரேக் என்பது கடைசி நேரத்துக்காக வைத்திருக்கும் பொருள் என்பது அவர் கொள்கை. இத்தனை வருஷத்தில் வண்டியில் ஒரு கீறல் கிடையாது என்பது பெருமை.

அவர் தொழில்முறையில் யோசித்தார். கண்ணுக்கும் உலகத்துக்கும் நடுவில் இருப்பது கண்ணாடி. காருக்கும் சாலைக்கும் நடுவில் இருப்பது டயர். சௌகரியமாக இல்லையென்றால் நடுவில் இருப்பதை மாற்ற வேண்டும். அவ்வளவுதான்.

டயர்க்கடைக்காரர் குனிந்து பழைய டயரைத் தடவிப் பார்த்தார். "நடுவுல நல்லாத்தான் இருக்கு. ஓரம் மட்டும் சவரம் பண்ணின மாதிரி வழவழன்னு இருக்கே! வளைவுல எப்படி சார் திருப்புவீங்க?"

"வண்டி நான் சொன்னபடி கேக்கும்," என்றார் கண்ணாடிக்காரர் அடக்கமாக. "டயர் சத்தம் போடக் கூடாது, குலுங்கவும் கூடாது. மாமியார் உட்கார்ந்து வர்ற வண்டி."

"அப்ப பக்கவாட்டுல மெத்துனு இருக்கற டயராப் பாக்கணும். பள்ளத்துல விழுந்தா அடியை அதுவே வாங்கிக்கும். ஆனா சீக்கிரம் தேயும். ரொம்ப நாள் உழைக்கற டயர்னா கல்லு மாதிரி இருக்கும். எல்லாப் பொருத்தமும் ஒரே இடத்துல அமையறதில்ல சார்."

கண்ணாடிக்காரர் ஒவ்வொரு டயரையும் கட்டைவிரலால் அமுக்கி, "இது மெத்துனு இருக்கா, அது மெத்துனு இருக்கா?" என்று தன்னையே கேட்டுக்கொண்டார். கடைசியில், சாலையைத் தொடும் ரப்பர் பட்டைகள் சின்னச் சின்னதாக நெருங்கியிருந்த ஒரு ரகத்தைத் தேர்ந்தெடுத்தார். அதுதான் இருப்பதிலேயே வாய் பேசாத டயர் என்றார் கடைக்காரர்.

உண்மைதான். அடுத்த வாரம் கார் தயிரில் கத்தி போல இறங்கிப் போயிற்று. பழைய இரைச்சல் போன இடம் தெரியவில்லை. கண்ணாடிக்காரர் மகிழ்ந்துபோய் இன்னும் கொஞ்சம் வேகம் கூட்டினார்.

"ம்ம்ம்ம்ம்..."

பின்னால், இடப்பக்கத்திலிருந்து ஒரு முனகல்.

"அத்தை, ஏதோ சத்தம் வருதா?"

முனகல் நின்றது. "எனக்கு ஒண்ணும் கேக்கலியே மாப்பிள்ளை."

வேகம் கூடியபோது திரும்பவும் வந்தது. வளைவில் உரத்தது. பிரேக் போட்டபோது உச்சத்துக்குப் போயிற்று. சிக்னலில் நின்றதும் அடங்கியது. பழைய இரைச்சலில் இத்தனை நாளும் இது அமுங்கிக் கிடந்திருக்கிறது! கேட்டும் கேட்காதது போல இருக்கும் அத்தையின் நல்ல மனதை நினைத்து அவர் உருகிப்போனார். பிறர் மனம் நோகாமல் நடப்பதும் ஒரு பூஜைதானே.

அடுத்த முறை அத்தை வாசலிலேயே நின்றுவிட்டார். "பஸ்கூட வேண்டாம் மாப்பிள்ளை. நடந்தே போயிடறேன். டாக்டரே நடக்கத்தானே சொல்றாரு?"

பயந்துபோன கண்ணாடிக்காரர் அன்றே டயர்க்கடைக்கு ஓடினார். கடைக்காரர் காற்றைக் கொஞ்சம் குறைத்தார். சக்கரங்களைக் கழற்றிச் சுழலவிட்டு எடை சரிபார்த்தார். தானே ஓட்டியும் பார்த்தார். சத்தம் இல்லை.

"காலி வண்டியில வராதோ என்னவோ. பின்னால பாரம் வேணும்," என்றார்.

அத்தை உட்காரும் இடத்தில் ஒரு மணல் மூட்டையை வைத்து, மரியாதையாக பெல்ட்டும் மாட்டினார்கள். கண்ணாடிக்காரரே பறந்து பார்த்தார். மணல் மூட்டை வாய் திறக்கவில்லை.

"அப்ப அந்தப் பின் டயரையே இடம் மாத்திப் பாப்போம். இடப்பக்கத்துல இருக்கறதை வலப்பக்கம் போடறேன். சத்தமும் கூடவே அந்தப் பக்கம் போச்சுன்னா, டயர்தான் திருடன்."

மறுவாரம் வாசலில் யாரோ ஜல்லி கொட்டியிருந்தார்கள். இடப்பக்கக் கதவைத் திறக்க முடியாமல் அத்தை வலப்பக்கமாக ஏறி அங்கேயே உட்கார்ந்தார். கார் வேகமெடுத்தது. முனகல் வலப்பக்கத்திலிருந்து வந்தது!

"பிடிச்சாச்சு!" என்று ஸ்டீயரிங்கில் தட்டினார் கண்ணாடிக்காரர். அத்தை திடுக்கிட்டார். முனகலும் திடுக்கிட்டது போலிருந்தது.

கடைக்காரர் யோக்கியர். முகம் சுளிக்காமல் அந்த டயரை எடுத்துக்கொண்டு புது டயர் மாட்டிக் கொடுத்தார். முனகல் போகவில்லை. சத்தத்தை நன்றாக வரவழைத்துக் கேட்டால்தானே நோய் தெரியும் என்று கண்ணாடிக்காரர் வாரத்துக்கு வாரம் வேகத்தைக் கூட்டினார். வாரத்துக்கு வாரம் முனகலும் கூடியது.

ஒரு நாள் காலை அத்தை கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, "இதோ பாருங்க, எனக்கு நல்லாயிடுச்சு. இனிமே ஆஸ்பத்திரியே வேண்டாம்," என்று கூடத்தில் நடந்து காட்டினார். கதவுத் திரையைப் பிடித்துக்கொண்டதால் விழவில்லை. திரைதான் விழுந்தது.

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கண்ணாடிக்காரர் நேரே கடைக்குப் போய், "நீங்கதான் காப்பாத்தணும்," என்று கடைக்காரரின் கையைப் பிடித்தார்.

இரக்கமுள்ள மனிதர். கடையை அடைத்துவிட்டுக் கூடவே வந்தார். "நானே பின்னால உட்கார்ந்து கேக்கறேன். நீங்க வழக்கமா ஓட்டற மாதிரி ஓட்டுங்க சார்."

"கொஞ்சம் நல்லாவே ஓட்டிக் காட்டறேன்," என்றார் கண்ணாடிக்காரர்.

அத்தை வலப்பக்கம், கடைக்காரர் இடப்பக்கம். கடைக்காரர் காதைக் கதவோரம் சாய்த்துக்கொண்டார். தெருமுனை தாண்டியதும் முனகல் வந்தது.

"கேக்குதா?"

"கேக்குது சார். மெதுவா... சார், எதிர்ல லாரி!"

"பாத்துட்டேன், பாத்துட்டேன்." லாரிக்கும் மண்மேட்டுக்கும் நடுவில் ஒரு சந்து இருந்தது. கார் அதில் நுழைந்து வெளியே வந்தது. பெரிய வளைவில் அவர் வழக்கம்போல் பிரேக்கைச் சேமித்தார். அப்போதுதான் கவனித்தார்.

"அடடா! இப்ப ரெண்டு பக்கமும் வருதே!"

பின்னாலிருந்து இரட்டை முனகல் ஒரே தாளத்தில் வந்துகொண்டிருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் கார் நின்றது. இரண்டு முனகலும் ஒன்றாக நின்றன. கண்ணாடிக்காரர் ஆவலோடு திரும்பினார். கடைக்காரரின் முகத்தில் ரத்தம் இல்லை. அவர் கையை அத்தை தன் கைக்குள் பொத்தி வைத்திருந்தார்.

"சொல்லுங்க, எந்த டயர்?"

"வேண்டாம் தம்பி," என்றார் அத்தை மெல்ல, கடைக்காரரிடம். "பாவம், மாப்பிள்ளை."

கடைக்காரர் சொன்னார்: "டயரெல்லாம் தங்கம் சார், நீங்க வேகமெடுத்தா, உங்க மனசு நோகக் கூடாதுன்னு அம்மா வாயை மூடிக்கிட்டே சாமியக் கும்பிடுறாங்க, இந்தப் பக்கம் வந்த சத்தம் நான்."