சீமை அக்காவும் இஸ்திரிப் பெட்டியும்

அன்னைக்கு வேலை ஒண்ணே ஒண்ணுதான். பாடாலூர்ல பஸ் ஏறி, பெரம்பலூர்ல இறங்கி, ஒரு போட்டோ எடுத்து, அதை விண்ணப்பத்துல ஒட்டி, ஆபீஸ்ல குடுத்துட்டு வரணும்.

யாரு வேணாலும் செஞ்சுடுவாங்க. நான் செஞ்ச அழகைத்தான் சொல்ல வந்தேன்.

முதல்ல என்னைப் பத்தி. பேரு பிலோமினா. படிப்பு அஞ்சாப்பு. பொறந்தது ஏலாக்குறிச்சிப் பக்கம், வாக்கப்பட்டது பாடாலூரு. வூட்டுக்காரரு ரோட்டோரமா டெய்லர் கடை வச்சிருக்காரு. முன்னாடி கடை, பின்னாடி வூடு, நடுவுல ஒரு பழைய சேலை திரையாத் தொங்கும். ஒண்ணரை வயசுல ஒரு பொம்பளைப் புள்ளை. வேத்து ஆம்பளை குரல் கேட்டா என் நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கும். வாயில வராததெல்லாம் பேனாவுல வருது. அதுக்கு நான் என்ன செய்யறது?

அடுத்தது என் தலை. ஊரே பேசியாச்சு, நானும் பேசிடறேன். சுருட்டை. சும்மா அலை அலையா இருக்கிற சுருட்டை இல்லீங்க, ஸ்பிரிங்கு! சீப்பு உள்ள போனா பல்லை விட்டுட்டுத்தான் வெளிய வரும். காக்கா நெறம் வேற. எண்ணெயை ஊத்தி ஊத்தி அமுக்கினாலும், வெயில்ல பத்து நிமிஷம் நின்னா எல்லாம் எழுந்து நின்னு எட்டிப் பாக்கும்.

என் புள்ளைக்கும் அதே தலை.

"ஆத்தாளும் மகளுமா ரெண்டு தேங்கா மட்டை!" இது எங்க அண்ணி.

அண்ணின்னா வூட்டுக்காரரோட அக்கா. பேரு லூர்து. புருஷன் வூட்டுல மூணு மாசம், எங்க வூட்டுல ஒன்பது மாசம்னு வருஷத்தைப் பிரிச்சு வச்சிருந்தாங்க. அந்த ஒன்பது மாசமும் பேச ஒரு சங்கதி வேணுமே? என் தலை இருந்துச்சு.

அப்பத்தான் பக்கத்துல பாலர் பள்ளி ஒண்ணு தொறக்கறாங்க, ஆயா வேலைக்கு ஆள் எடுக்கறாங்கன்னு கேள்விப்பட்டேன். பகல் பூரா அண்ணி வாயில விழாம, என் புள்ளையையும் கூட வச்சுக்கிட்டு, இன்னும் நாலு புள்ளைங்களோட உக்காந்திருக்கலாம். இதைவிடப் பெரிய மோட்சம் எனக்குத் தெரியாதுங்க. எப்படியாவது அந்த வேலை வேணும்னு மனசுல விழுந்துடுச்சு.

விண்ணப்பம் வாங்கப் போனப்ப, ஆபீஸ்ல இருந்த சாரு என் முகத்தைப் பாக்கல. தலையைப் பாத்தாரு.

"என்னம்மா தலை இது? புள்ளைங்க பாத்தா ஜுரம் வந்துடும். நல்லா அமுக்கி வாரிக்கிட்டு, லட்சணமா ஒரு போட்டோ எடுத்துட்டு வா. வெள்ளிக்கிழமை கடைசி நாளு."

அவருக்கு நெத்தி எங்க முடியுதுன்னே தெரியல, பிடரி வரைக்கும் போயிருச்சு. முடி இருக்கறவளுக்கு முடி இல்லாதவரு சட்டம் போடறாரு! நான் என்ன சொன்னேன்? "சரிங்க சார்." அதுவும் உதடு மட்டும் அசைஞ்சுது.

இப்ப புத்தகத்துக்கு வரேன்.

பஸ் ஸ்டாப்பு பக்கத்துல ஒரு நூலகம் உண்டு. அங்கேருந்து ஒரு கதைப் புத்தகம் எடுத்தாந்தேன். அட்டை கிடையாது, முன்பக்கம் கிழிஞ்சிருந்துச்சு. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவ நான். புள்ளை மத்தியானம் தூங்கறப்ப ஒரு பக்கம், மிஞ்சிப்போனா ஒண்ணரைப் பக்கம்.

கதையில ஒரு ஆப்பிரிக்காக்காரி. கறுப்பு, சுருட்டை. கப்பல் ஏறிச் சீமைக்குப் பொழைக்கப் போறா. அவ பேரு என் வாயில நுழையல. அதனால சீமை அக்கான்னு நானே வச்சுக்கிட்டேன்.

அந்த ஊரு துரைசானிங்க, ஒரு வார்த்தை கேக்காம, சந்தையில ஆட்டைத் தடவுற மாதிரி அவ தலையைத் தடவிப் பாக்கறாங்க. "இதெல்லாம் நெசமாவே உன் முடியா?"ன்னு கேக்கறாங்க. வேலை குடுக்கிற அம்மா ஒருத்தி, "தலையை ஒழுங்கு பண்ணிட்டு வா, அப்புறம் பாப்போம்"ங்கறா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அடப்பாவிங்களா, கடல் தாண்டியும் இதே பேச்சுத்தானா! அவ கப்பல்ல போனா, நான் அரியலூர் பஸ்ல வந்தேன். போய் இறங்கின எடத்துல ரெண்டு பேரு தலையையும் பாத்துத்தான் சிரிக்கறாங்க.

வியாழக்கிழமை மத்தியானம் படிச்ச பக்கத்துல சீமை அக்கா ஒரு இரும்புச் சீப்பை அடுப்புல காய வச்சா. தலையில வச்சு இழுத்தா. முடி நேரா, பட்டு மாதிரி விழுந்துச்சு. கண்ணாடியைப் பாத்துச் சிரிச்சா.

பக்கம் முடிஞ்சுது. புள்ளை முழிச்சுக்கிட்டா. புத்தகத்தை மூடி வச்சேன்.

பக்கத்தைத் திருப்பியிருக்கணும். திருப்பலையே!

அச்சுல வந்தா பொய்யா இருக்காதுன்னு நம்பற ஆளுங்க நாங்க. நேரா அண்ணிகிட்டப் போய்ச் சொன்னேன். "அண்ணி, சூடு வச்சா முடி நேராகுமாம். புத்தகத்துல போட்டிருக்கு."

அண்ணிக்குப் படிப்பு கிடையாது. அதனால புத்தகத்து மேல என்னைவிட நம்பிக்கை ஜாஸ்தி.

"புத்தகத்துலயே போட்டுட்டானா? அப்பச் சரிதான்! ஆனா உன் தலைக்குச் சீப்பெல்லாம் பத்தாது புள்ளே. பெட்டிதான்."

வூட்டுக்காரரு நூலும் பட்டனும் வாங்கத் திருச்சி போயிருந்தாரு. தடுக்க ஆளில்லை. அண்ணி இஸ்திரிப் பெட்டியில கரி போட்டு, விசிறி, கங்காக்கி, தண்ணி தெளிச்சுப் பாத்தாங்க. சொய்ங்குன்னுச்சு.

டெய்லர் பொண்டாட்டியாச்சே, எனக்கும் தொழில் தெரியும்ல? டெரிகாட்டனை நேரடியாத் தேய்ச்சா ஒட்டிக்கும், மேல ஈரத்துணி போட்டுத் தேய்க்கணும். என் தலையை டெரிகாட்டன் கணக்குல சேத்துக்கிட்டோம். உள்ரூம்ல இருந்த மேசையில நான் கன்னத்தை வச்சுச் சாய்ஞ்சேன். அண்ணி முடியைப் பரப்பி, ஈரத்துண்டைப் போட்டு, பெட்டியை இறக்குனாங்க.

எடது பக்கம் முடிஞ்சு எழுந்தா, நெசமாவே நேரா நின்னுச்சுங்க! தோளைத் தாண்டி இடுப்புக்கு வந்துச்சு. எனக்கு அம்புட்டு நீளம்னு எனக்கே தெரியாது.

"ஆத்தி! இத்தனையையுமா சுருட்டி உள்ள வச்சிருந்தே?" அண்ணி முதல் தடவையா என்னைப் பொறாமையாப் பாத்தாங்க. அந்த அரை நிமிஷம் நான் சீமைக்கே மகாராணி.

வலது பக்கத்துக்காகத் திரும்பிச் சாய்ஞ்சேன். பெட்டி இறங்குச்சு. அந்நேரம் பாத்துக் கடையில ஒரு ஆம்பளைக் குரல்.

"டெய்லரே!"

"திருச்சி போயிருக்கான். என்ன வேணும்?" திரைக்கு இந்தப் பக்கமிருந்தே அண்ணி. கையில பெட்டி. பெட்டிக்குக் கீழ நான்.

"வாலிகண்டபுரத்துலேருந்து வரேன். பெல்ஸ் பேண்ட் தைச்சு வாங்கிட்டுப் போனேன். போட்டா உக்கார முடியலம்மா."

"நிக்க முடியுதா?"

"நிக்க முடியுது."

"அப்ப நின்னுக்குங்க. கல்யாண வூட்டுல ஆம்பளைங்க நின்னுக்கிட்டுத்தான இருப்பாங்க?"

"மாப்பிள்ளையே நான்தான்ம்மா! மாப்பிள்ளை அழைப்புல கார்ல உக்காரணும்ல?"

அண்ணிக்குச் சண்டைன்னா கை நிக்காது. ஒவ்வொரு பதிலுக்கும் பெட்டியை ஒரு அமுக்கு அமுக்குனாங்க. துண்டுல ஈரம் காய்ஞ்சு போனது எனக்குத் தெரியுது. சூடு காதுகிட்ட வருது. கத்தணும். ஆனா அந்தப் பக்கம் வேத்து ஆம்பளை! நாக்கு ஒட்டிக்கிச்சு. அண்ணி தொடையைக் கிள்ளுனேன்.

"சும்மா இரு புள்ளே, பேசிக்கிட்டு இருக்கேன்ல!" ஒரு அமுக்கு. "எங்க தம்பி எடுத்த அளவு தப்பாது. பொண்ணு வூட்டுக் கறிச்சோறு தின்னு நீங்க பெருத்ததுக்கு நாங்களா பொறுப்பு?" இன்னொரு அமுக்கு.

"என்னமோ கருகுற வாடை வருதேம்மா?"

"பக்கத்து வூட்டுல கோழி வாட்டறாங்க!"

வாட்டுன கோழி நான்தான். கோழியாவது உசுரோட இருக்கறப்பக் கத்தும்.

பேண்டை வச்சுட்டு அந்தாளு போனதும் அண்ணி பெட்டியைத் தூக்குனாங்க. துண்டும் கூடவே வந்துச்சு. துண்டோட என் வலது பக்க முடியும் வந்துச்சு, ஒரு கொத்து. தோலு தப்பிச்சது மாதா புண்ணியம்.

அண்ணி பாத்தாங்க. நெஞ்சுல கைய வச்சாங்க. "அடிப்பாவி! பெட்டியோட அடி கெட்டுப்போச்சே!"

சாயங்காலம் வூட்டுக்காரரு வந்தாரு. திட்டல. தொழில்காரரு பாருங்க, அளவு டேப்பை எடுத்தாரு. "கவலைப்படாத, வெட்டிச் சரிபண்ணிடலாம்."

சாக்பீஸால கழுத்துல கோடு போட்டாரு. வலதுக்குச் சமமா எடதை வெட்டுனாரு. எடது கொஞ்சம் ஏறிப்போச்சு. எடதுக்குச் சமமா வலதை வெட்டுனாரு. வலது ஏறிப்போச்சு. இப்படியே ரெண்டு பக்கமும் போட்டி போட்டு உச்சிக்குப் போயிருச்சு. கடைசியில எட்டி நின்னு பாத்துட்டுச் சொன்னாரு: "ஒரு இஞ்ச் விட்டிருக்கேன்."

துணி மாதிரி தலையையும் பின்னாடி பிரிச்சு விட்டுக்கலாம்னு நெனைச்சாரு போல!

மிச்சமிருந்த அந்த ஒரு இஞ்சும், சூடு படாத முடியாச்சே, உடனே சுருண்டுக்கிச்சு.

"பேசாம மொட்டை போட்டுடலாம்." அண்ணி தீர்ப்பு சொல்லிட்டாங்க. "மாதாவுக்கு வேண்டுதல்னு சொன்னா யாரு கேக்கப் போறா? பொம்பளை தலையில முடி இல்லாம வெளிய போக வேற வழி என்ன இருக்கு?"

"என்ன வேண்டுதல்னு கேட்டா?"ன்னாரு வூட்டுக்காரரு.

"முடி நேராகணும்னு வேண்டிக்கிட்டான்னு சொல்லு!"

சவரக்காரரைக் கூட்டியார ரெண்டு பேரும் கெளம்பிட்டாங்க. என்னைக் கேக்கவே இல்லை. என் தலை, என் வேண்டுதல், முடிவு மட்டும் அவங்களோடது!

அழுதுக்கிட்டே புத்தகத்தை எடுத்தேன். பக்கத்தைத் திருப்புனேன். முதல் வரியிலயே சீமை அக்காவுக்கு முடி கருகிப்போச்சு.

அடியே! இதை முந்தின பக்கத்துலயே சொல்றதுக்கு என்ன கேடு உனக்கு?

விறுவிறுன்னு மூணு பக்கம் படிச்சேன், வாழ்க்கையில முதல் தடவையா. அக்கா மிச்ச முடியை ஒட்ட வெட்டிக்கிட்டு, முக்காடு போடாம, அப்படியே வேலைக்குப் போறா. புள்ளை என் மடியில ஏறி என் தலையைத் தடவிப் பாத்தா. அப்புறம் அவ தலையைத் தடவிப் பாத்தா. ரெண்டும் ஒண்ணா இருக்கவும் கெக்கெக்கேன்னு சிரிச்சா.

சவரக்காரரு பெட்டியோட வந்து நின்னாரு.

"வேண்டாம்"னேன்.

அண்ணிக்குக் காது கேக்கலையோன்னு சந்தேகம். "என்னது?"

"மொட்டை வேண்டாம். போட்டோவுக்கு இப்படியே போறேன்."

வூட்டுக்காரரு சவரக்காரரை வீணாக்கக் கூடாதுன்னு தன் முகத்தை மழிச்சுக்கிட்டாரு.

வெள்ளிக்கிழமை. பஸ்ல எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. பாத்தா பாருங்கன்னு சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, கீழ குனிஞ்சுக்கிட்டேன். ஸ்டூடியோக்காரரு என்னைப் பாத்துட்டு, ஆணியில தொங்குன சவுரியை எடுத்து நீட்டுனாரு. "இதை வச்சுக்கிட்டு முன்னாடி போட்டுக்கம்மா, நீளமாத் தெரியும்."

ஒட்டுமுடியை எதுல கட்டறது? காதுலயா? வேண்டாம்னு தலையை ஆட்டிட்டேன். அவசரம்னதால மத்தியானமே கழுவிக் குடுத்தாரு. ரெண்டு காதும் தெரியுது, கண்ணு முழிச்சுக்கிட்டு இருக்கு, தலை பூரா சுருட்டை.

ஆபீஸ்ல அதே சாரு. போட்டோவைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு, முகம் பூரா கனிஞ்சுபோச்சு.

"மொட்டை போட்டு வளருதா? வேண்டுதலா? பாத்தியா, பக்தி வந்ததும் முகத்துல ஒரு களை வந்துடுச்சு! இப்பத்தான்மா குடும்பப் பொண்ணு மாதிரி லட்சணமா இருக்கே."

ஆமான்னு சொல்லியிருந்தா முடிஞ்சுது. ஆமான்னு சொல்லத்தான் வாயைத் தொறந்தேன். நாக்கு என்ன நெனைச்சுதோ, அன்னைக்குப் பாத்து ஒட்டிக்கல.

"வேண்டுதல் இல்லீங்க சார். நீங்கதான் அமுக்கிக்கிட்டு வரச் சொன்னீங்க. இஸ்திரிப் பெட்டியால அமுக்குனேன். தீஞ்சுபோச்சு."

டைப் அடிச்சுக்கிட்டிருந்த அம்மா நிறுத்திட்டாங்க. சாரு கை தானாப் போயித் தன் வழுக்கையைத் தடவுச்சு.

"இது அதே முடிதாங்க சார். நீளம்தான் கொறைச்சல். புள்ளை தூக்கப்போறது கையி, தலை இல்லீங்க."

இத்தனையும் நான்தான் பேசுனேனான்னு இன்னைக்கும் எனக்குச் சந்தேகம். டைப்பு அம்மா முந்தானையை வாயில அடைச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க. சாரு பசையை எடுத்து, போட்டோவைத் தானே ஒட்டி, முத்திரையைக் குத்துனாரு. கொஞ்சம் வேகமாவே குத்துனாரு.

வேலை கிடைச்சுருச்சு. எல்லாம் மாதாவுக்குக் குடுத்த மொட்டையாலதான்னு அண்ணி இன்னமும் தெருவெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்காங்க. வாலிகண்டபுரம் மாப்பிள்ளை கார்ல உக்காந்த எடத்துலயே பேண்டு கிழிஞ்சுதாம். இப்ப என் தலை பழையபடி எழுந்து நிக்குது. பாலர் பள்ளியில இதுவரைக்கும் ஒரு புள்ளைக்கும் ஜுரம் வரல.

நான் கத்துக்கிட்டது ஒண்ணே ஒண்ணு: புத்தகத்துல பாத்து எதையாவது செய்யறதா இருந்தா, அடுத்த பக்கத்தைத் திருப்பிட்டுக் கரி போடுங்க.