ஏழாம் படுக்கைக்கு எத்தனை மதிப்பெண்

2025 ஆகஸ்ட் 22, வெள்ளிக்கிழமை காலை 10.20 மணி. மலேசியாவின் கோத்தா திங்கியில் உள்ள வெண்பறவை பராமரிப்பு இல்லத்தின் ஏழாம் எண் படுக்கையில், மாசாயைச் சேர்ந்த ஜெயபாலன், வயது 52, மூன்று நாள் தங்கிப் பார்க்கும் திட்டத்தில் சேர்க்கப்பட்டார். என்ன நோய் என்று கேட்டிருந்த இடத்தில் முதுகுவலி என்று எழுதியிருந்தது.

அந்த முதுகுவலி இரண்டு வருடத்துக்கு முன்பே போய்விட்டது. அப்போது எடுத்த எக்ஸ்ரேயை, தேதி இருக்கும் மூலையைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு ஜெயபாலன் நீட்டினார். தலைமைத் தாதி சிஸ்டர் ஜாக்லின் அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. நேராக அவர் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தார். பிறகு மறு கையிலும் பார்த்தார்.

ஆவணங்களைச் சரிபார்ப்பதில்லை, ஒரு மதிப்பெண் குறைவு என்று ஜெயபாலன் மனத்துக்குள் எழுதிக்கொண்டார். இரண்டு கையிலும் அளக்கிறார்கள், ஒன்று கூடுதல்.

அவர் வேலை அது. பாசிர் கூடாங்கில், புட்டிகளுக்கு பிளாஸ்டிக் மூடி செய்யும் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு மேற்பார்வையாளர். இருபத்து நான்கு வருடமாகப் பெட்டிக்கு எட்டு மூடி எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஒன்று கோணலாக இருந்தாலும் பெட்டியையே திருப்பி அனுப்புகிறவர். லீவு எடுப்பதில்லை. தொழிற்சாலையின் வருடாந்தர உடல் பரிசோதனை நாளன்று மட்டும் அவருக்கு எப்படியோ வெளியே ஒரு அவசர வேலை வந்துவிடும்.

இந்த முறை அவர் சோதிக்க வந்தது அப்பாவுக்காக. அப்பா கமலநாதன், எழுபத்தெட்டு வயது, குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டு ஜொகூர் பாருவில் மருத்துவமனையில் இருந்தார். அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது. திங்கட்கிழமை வீட்டுக்கு அனுப்பிவிடுவோம் என்று டாக்டர் சொன்னார். பழகிய ஆட்கள் ஆறு வாரம் தினமும் பயிற்சி கொடுத்தால் நடப்பார், இல்லாவிட்டால் படுக்கைதான் என்றும் சொன்னார். ஜெயபாலனின் வீடு அடுக்குமாடியில் நான்காம் மாடி. லிஃப்ட் கிடையாது.

நாற்பது கேள்விகளோடு ஒரு படிவம் தயாரித்து ஜெயபாலன் இல்லம் தேடிக் கிளம்பினார். முதல் இல்லத்தின் சுவர்க் கடிகாரம் நான்கு நிமிடம் பின்தங்கியிருந்தது. மணி தெரியாதவர்கள் மருந்தை எப்படி மணிக்குக் கொடுப்பார்கள் என்று நிராகரித்தார். இரண்டாவது இல்லத்தில் எல்லாரும் சிரித்த முகமாக இருந்தார்கள். தான் வருவது முன்கூட்டியே தெரிந்திருக்கிறது என்று அதையும் நிராகரித்தார்.

மருத்துவமனையில் இதைச் சொல்லிப் பொருமியபோது அப்பா மகனின் மணிக்கட்டைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். லாபிஸ் பக்கம் ஒரு தோட்ட மருத்துவமனையில் முப்பது வருடம் கட்டுப் போட்டு மருந்து கொடுக்கும் டிரஸ்ஸராக இருந்தவர் அவர். முடியாமல் கிடக்கும் நேரத்தில்தான் பாசம் கைக்கு வருகிறது என்று ஜெயபாலன் நெகிழ்ந்துபோனார்.

"நீ யாரு சொன்னாலும் நம்பமாட்ட," என்றார் அப்பா. "நீயே போய் ஒரு எடத்துல மூணு நாள் படுத்துப் பாரு. நல்லாருக்குன்னு நீ சொன்னா நான் வாயத் தொறக்காம வந்துர்றேன்."

ஜெயபாலனுக்கு இது பிடித்துவிட்டது. தொழிற்சாலையில் செய்வதுதானே. பெட்டியிலிருந்து ஒரு மூடியை எடுத்துப் பார்ப்பதுபோல. மூடி தான்தான் என்பது ஒன்றே வித்தியாசம். வெண்பறவை என்ற பெயரை மனைவி யோகேஸ்வரி சொன்னாள். பையையும் அவளே அடுக்கினாள்.

"மூணு நாளுக்கு எதுக்கு ஒம்போது பனியன்?" என்று கேட்டார்.

"வேர்க்கும்லா," என்றாள்.

படுக்கையிலேயே முதல் சிக்கல் தொடங்கியது. வார்டு முழுவதையும் பார்க்கும்படி சன்னலோர மூலைப் படுக்கை வேண்டும் என்று கேட்டிருந்தார். தாதிகளின் மேசைக்கு நேர் எதிரே இருந்த ஏழாம் எண்ணைக் கொடுத்தார்கள். அங்கிருந்து அவருக்கு எதுவும் தெரியவில்லை. எல்லாருக்கும் அவர் தெரிந்தார். படிவத்தை நாளிதழுக்குள் மடித்து வைத்துத்தான் எழுத வேண்டியிருந்தது.

பதினோரு மணிக்கு மூன்றாவது கேள்விக்காக அழைப்பு மணியை அழுத்திவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முப்பத்தெட்டாவது விநாடியில் சிஸ்டர் ஜாக்லின் வந்து நின்றார். மணியை அழுத்தியதற்குக் காரணம் ஒன்று வேண்டும் என்பதை ஜெயபாலன் அப்போதுதான் யோசித்தார்.

"லேசா தலை சுத்துது சிஸ்டர்," என்றார்.

அரை மணி நேரத்தில் டாக்டர் வந்துவிட்டார். கண்ணில் விளக்கடித்தார், நெஞ்சில் குழாய் வைத்தார், எத்தனை நாளாகச் சுற்றுகிறது என்று கேட்டார். விஷயம் பெரிதாகிறதே என்று, சுற்றல் இல்லை, வெறும் பசி என்று ஜெயபாலன் மாற்றிச் சொன்னார். உடனே விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள். பசியும் இல்லை, கேட்டால் ஆள் வருகிறாரா என்று பார்த்தேன் என்றார். டாக்டரும் சிஸ்டரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு மாத்திரை வந்தது. நாக்குக்கு அடியில் ஒதுக்கிவைத்து அப்புறம் துப்பிவிடலாம் என்று நினைத்தார். சிஸ்டர் நகரவில்லை.

"வாயத் திறங்க அண்ணே. நாக்கத் தூக்குங்க."

விழுங்கினார். மருந்துக் கண்காணிப்பு, முழு மதிப்பெண்.

பகல் உணவு இரண்டாவது சிக்கல். வார்டு முழுக்க மீன்கறி மணம். அவருக்கு மட்டும் உப்பில்லாத கஞ்சியும் அவித்த கோஸும் வந்தன. உணவின் தரத்துக்கென்றே படிவத்தில் மூன்று கேள்விகள் இருந்தன. பக்கத்து ஆறாம் எண் படுக்கையில் விஜயன் என்ற முன்னாள் லாரி ஓட்டுநர், பக்கவாதத்துக்குப் பிறகு இடது கையைப் பழக்கிக்கொண்டிருந்தார். அவரிடம் தன் பப்பாளித் துண்டுகளைக் கொடுத்து ஒரு கரண்டி கறி கேட்டார் ஜெயபாலன்.

"குடுக்கிறதுல எனக்கு ஒன்னும் இல்ல தம்பி. அந்தம்மா பாத்துச்சுன்னா ரெண்டு பேருக்கும் கஞ்சிதான்," என்று எச்சரித்துவிட்டுத்தான் விஜயன் தட்டைத் தள்ளினார்.

அந்தம்மா பார்த்துவிட்டார். தட்டு திரும்பிப் போனது. மாலைச் சாப்பாட்டுக்கு விஜயனின் மேசையை அந்தப் பக்கச் சுவரோரம் தள்ளிப் போட்டார்கள். ஜெயபாலன் நாளிதழை விரித்து எழுதினார்: உணவின் தரம், மதிப்பிட இயலவில்லை. உணவுக் கட்டுப்பாடு, முழு மதிப்பெண்.

இங்கே என்ன குறை என்று அன்று மாலை விஜயனிடம் நயமாக விசாரித்தார். விஜயன் நிறைய நேரம் யோசித்தார்.

"ஒரே ஒரு குறை. சும்மா விடமாட்டாங்க."

உண்மைதான். சனிக்கிழமை காலையில், பயிற்சி கொடுக்கும் லோகேஸ்வரன் வந்து முதுகுவலிக்கு என்று சொல்லி அவரைத் தோட்டத்தைச் சுற்றி நாற்பது நிமிடம் நடக்க வைத்தார். முதுகுவலிக்காரரை இவ்வளவு வேகமாக நடக்க வைப்பது சரியா என்று ஜெயபாலன் மூச்சிரைக்கக் கேட்டார். இந்த முதுகுக்கு அது சரிதான் என்றார் லோகேஸ்வரன். நாளுக்கு ஆறு தரம் கையில் பட்டை சுற்றினார்கள். தொழிற்சாலையிலிருந்து வந்த நான்கு அழைப்புகளுக்குப் பிறகு கைப்பேசி மேசைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. மாலையில் ஒரு பத்து நிமிடம் தருவார்களாம்.

ஆனாலும் அன்று மதியத்துக்குள் அவர் முடிவுக்கு வந்துவிட்டார். விரிப்பு தினமும் மாற்றுகிறார்கள். படுத்த படுக்கையாக இருக்கும் ஒரு பெரியவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைக்கிறார்கள். ஒரு தாதி யாருக்கோ நகம் வெட்டிக்கொண்டே நாய்க்குட்டிக் கதை கேட்டுக்கொண்டிருந்தாள். நாற்பதுக்கு முப்பத்தாறு. இருபத்து நான்கு வருடத்தில் எந்த மூடிக்கும் அவர் அவ்வளவு கொடுத்ததில்லை.

அப்பாவுக்கு இடம் சொல்லிவைக்க முகப்பு மேசைக்குப் போனார். பதிவேட்டைப் பார்த்துக்கொள்ளும் பிரவீனா அங்கே இருந்தாள்.

"திங்கக்கெழம ஒரு பெட் வேணும்மா. வயசானவருக்கு."

"எல்லாம் ஃபுல் அங்கிள். எட்டாம் நம்பர் மட்டும் காலியா இருக்கு, அதையும் மாசாய்ல யாரோ புக் பண்ணிட்டாங்க."

ஜெயபாலன் திரும்பி எட்டாம் எண் படுக்கையைப் பார்த்தார். தன் படுக்கைக்குப் பக்கத்திலேயே, விரிப்பு மடிப்பு கலையாமல், தலைமாட்டில் ஒரு அட்டையோடு இருந்தது. ஒரு நாள் முன்னால் கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். ஒரு நாள் முழுக்க மணி அழுத்திக்கொண்டும் கோஸ் தின்றுகொண்டும் இருந்துவிட்டார். திங்கட்கிழமை அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்து நான்கு மாடி தூக்க வேண்டும். அதன் பிறகு அவர் நடக்கப்போவதில்லை.

"ஏழாம் நம்பர்?"

"அதுல நீங்கதான இருக்கீங்க?"

"நான் இப்பவே போயிர்றேன்."

"சிஸ்டர் கையெழுத்து போடணுமே," என்றாள் பிரவீனா.

சிஸ்டர் கையெழுத்துப் போடவில்லை. பிரஷர் இறங்கட்டும், பார்க்கலாம் என்றார். மாலையில் கைப்பேசி கிடைத்ததும் ஜெயபாலன் யோகேஸ்வரியை அழைத்து, தான் செய்த தவற்றைச் சொன்னார். அவள் பதறவில்லை. மாமாவுக்கு எப்படியும் ஒரு இடம் அமையும், நீங்கள் படுங்கள் என்று வைத்துவிட்டாள். இவளுக்கு நிலைமையின் தீவிரம் புரியவில்லை என்று அவருக்கு வருத்தமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு வழி தோன்றியது. தனக்கு எந்தக் குறையும் இல்லை என்று நிரூபித்துவிட்டால் படுக்கையை விட்டுத்தானே ஆகவேண்டும். தாதிகளின் மேசைக்கு எதிரே நின்று, சிஸ்டர் ஜாக்லின் பார்க்கும்படி, காதைப் பிடித்துக்கொண்டு தோப்புக்கரணம் போடத் தொடங்கினார்.

"பிள்ளையார் அந்தப் பக்கம் இருக்காரு தம்பி," என்றார் விஜயன்.

நாற்பது போட்டார். சிஸ்டர் நாற்காலி போட்டு உட்கார வைத்து, பட்டையைச் சுற்றினார். மேலே நூற்றெண்பத்தாறு. ஆறப்போட்டு மறுபடி பார்த்தார். அப்போதும் நூற்று எழுபதுக்குக் குறையவில்லை. மூன்று நாள் என்பதை அடித்துவிட்டு, அட்டையில் ஒரு வாரம் என்று எழுதினார்.

ஜெயபாலன் உடைந்துபோனார். நாளிதழுக்குள்ளிருந்து படிவத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"சிஸ்டர், எனக்கு ஒரு நோயும் கெடையாது. எக்ஸ்ரே பழசு. நான் எங்க அப்பாவுக்காக எடம் பாக்க வந்தவன். உங்களச் சோதிக்கத்தான் வந்தேன். மன்னிச்சிருங்க. அந்த பெட்ட அவருக்குக் குடுத்துருங்க."

சிஸ்டர் ஜாக்லின் நாற்பது கேள்விகளையும் நிதானமாகப் படித்தார். ஓரிடத்தில் விரலை வைத்தார்.

"காலை மருந்து எட்டு நாலுக்கு வந்துச்சுன்னு அரை மார்க் குறைச்சிருக்கீங்க. எட்டுக்குத்தான் குடுத்தேன். உங்க வாட்ச் நாலு நிமிஷம் முன்னாடி ஓடுது அண்ணே."

ஜெயபாலன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். முதல் இல்லத்தின் சுவர்க் கடிகாரம் நினைவுக்கு வந்தது.

"இப்ப மாத்திரை போட்டுட்டுப் படுங்க," என்றார் சிஸ்டர்.

திங்கட்கிழமை காலை பதினொன்றுக்கு வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. சக்கர நாற்காலியில் கமலநாதனும், அதைத் தள்ளிக்கொண்டு யோகேஸ்வரியும் வார்டுக்குள் வந்தார்கள். இரண்டு தாதிகள் எட்டாம் எண் படுக்கையின் விரிப்பை விலக்கி, முதியவரைப் பதமாகத் தூக்கிக் கிடத்தினார்கள். ஜெயபாலன் தன் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பா கையை நீட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்தார். சுவர்க் கடிகாரத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நல்லா கவனிக்கிறாங்களா?"

"நாப்பதுக்கு முப்பத்தாறுப்பா."

"தேவல," என்று கையை விட்டார்.

ஜெயபாலனுக்கு நிம்மதி ஒரு நிமிடம்தான் நின்றது. எட்டாம் படுக்கை யாரோ பதிந்து வைத்தது. இன்னொரு குடும்பத்தின் இடத்தை அப்பாவுக்குத் தூக்கிக் கொடுத்திருக்கிறார்கள் என்றால், வரிசைப்படி சேர்க்கிறார்களா என்ற முப்பத்தொன்பதாவது கேள்விக்கு அவர் போட்ட முழு மதிப்பெண் தவறு. தன் அப்பாவாகவே இருந்தாலும் தவறு தவறுதான். செருப்பை மாட்டிக்கொண்டு முகப்பு மேசைக்குப் போனார்.

"எட்டாம் நம்பர் பெட்ட மாசாய்ல புக் பண்ணவங்க என்னா ஆனாங்க? மறைக்காம சொல்லும்மா."

பிரவீனா பதிவேட்டைத் திருப்பி, விரலை ஓட்டி, நிறுத்தி நிறுத்திப் படித்தாள்.

"பெட் எட்டு, கமலநாதன், இடுப்பு எலும்பு, ஆறு வாரம். பெட் ஏழு, ஜெயபாலன், பிரஷர், ஒரு வாரம், சொன்னா வரமாட்டான். ரெண்டும் ஆகஸ்ட் பதினொன்னு, ஒரே போன்ல புக் பண்ணது அங்கிள், உங்க அப்பாதான்."