பாஸ்வேர்டில் எனக்கு ஒரு பங்கு

கோலசிலாங்கூர் புக்கிட் பெலிம்பிங் அருணோதய நல முன்னேற்றச் சங்கத்துக்கு ஒரு மண்டபம் உண்டு. மண்டபத்துக்கு ஓர் ஆபீஸ் உண்டு. ஆபீஸ் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை உண்டு. கல்யாணமோ, காதுகுத்தோ, எதுவானாலும் அந்தப் பலகையில் தேதி காலியாக இருக்கிறதா என்று பார்த்து, மார்க்கர் பேனாவால் பெயரை எழுதிவிட்டுப் போவோம். இப்படியே பல வருஷம் நாகரிகம் தெரியாமல் வாழ்ந்துவிட்டோம்.

என் பெயர் சிவானந்தம். எஸ்டேட்டில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவன். என் ஒரே மகள் விஷாலினிக்கு ரவாங்கில் மாப்பிள்ளை அமைந்தார். ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தமும் குறித்தாயிற்று. எனக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்றுதான். அவள் கல்யாணம் எங்கள் மண்டபத்தில், எங்கள் ஜனங்கள் முன்னால் நடக்க வேண்டும். அதைக் கட்டும்போது மணலும் கல்லும் நான் ஓட்டிய லோரியில்தான் வந்து இறங்கின.

பேனாவோடு ஆபீசுக்குப் போனேன். பலகையை மஞ்சள் துணி போட்டு மூடியிருந்தார்கள். துணியை விலக்கக் கை நீட்டினேன்.

"அண்ணே, கை வைக்காதீங்க! போர்டை சஸ்பெண்ட் பண்ணியிருக்கு!"

கத்தியது செயலாளர் சத்தியசீலன். புஞ்சாக் ஆலாமில் ஏதோ கருத்தரங்குக்குப் போய் வந்ததிலிருந்து கழுத்தில் பட்டியோடு ஓர் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டே திரிகிறார். குளிக்கும்போது கழற்றுகிறாரா என்பது தெரியவில்லை.

"போர்டு என்னலா தப்பு பண்ணுச்சு?"

"போன மாசம் யாரோட முழங்கையோ பட்டு ஒரு பேர் அழிஞ்சிருச்சு. ஒரே நாள்ல ஒரு பொறந்தநாளும் ஒரு கருமாதியும் வந்து நின்னுருச்சு. கேக் வெட்டுறாங்க, அந்தப் பக்கம் மாலை போட்ட படம். எனக்கு அவமானமா போச்சுண்ணே."

அன்று நானும் போயிருந்தேன். இரண்டு பக்கமும் திருப்தியாகச் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் செயலாளரின் மனம் புண்பட்டுவிட்டது. ஆகவே இணையவழித் தரவுத்தள மேலாண்மைச் செயலி ஒன்றைத் தேர்வு செய்ய சிறப்புக் கூட்டம் கூட்டப்பட்டது. வந்தவர்களுக்கு வடையும் கொடுத்தார்கள்.

தலைவர் நடராஜா அந்தக் காலத்து எஸ்டேட் கிராணி, ஆபீஸ் குமாஸ்தா. இன்றைக்கும் பெயர் கூப்பிட்டு ஆஜர் எடுக்காமல் கூட்டத்தை ஆரம்பிக்க மாட்டார். பொருளாளர் உஷாராணி யாரையும் நம்ப மாட்டார். கைப்பையின் ஜிப்பில் சின்னதாக ஒரு பூட்டுத் தொங்கும்.

சத்தியசீலன் எழுந்தார். "மெஷின் வாங்க வேணாம், ஒண்ணும் இன்ஸ்டால் பண்ண வேணாம். பிரவுசரைத் தொறந்தா நம்ம டேட்டாபேஸ் அப்படியே கட்டம் கட்டமா தெரியும். உலகத்துல எங்க இருந்தும் தொறக்கலாம்."

"எங்க இருந்தும்னா?" என்றார் தலைவர்.

"அசாம் ஜாவா கடையில ஒக்காந்து மீ கோரெங் சாப்டுக்கிட்டே தொறக்கலாம்."

"அப்போ திருடனும் மீ கோரெங் சாப்டுக்கிட்டே தொறப்பான்?" என்றார் உஷாராணி.

சபை அதிர்ந்தது. எனக்குப் பக்கத்தில் இருந்தவர் வடையைக் கீழே வைத்துவிட்டார்.

முதல் செயலியைத் திரையில் காட்டினார்கள். தலைவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "அதென்ன, டெலிட்னு ஒண்ணு இருக்கு?"

"தப்பா பதிஞ்சா அழிக்கிறதுக்கு."

"நம்ம சங்கம் எப்போ தப்பா பதிஞ்சிருக்கு?"

முதல் செயலி நிராகரிக்கப்பட்டது.

இரண்டாவது நல்ல செயலி என்றுதான் எனக்குப் பட்டது. யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்று எல்லாவற்றையும் அதுவே குறித்து வைத்துக்கொள்ளுமாம். சத்தியசீலன் இதைச் சொல்லி முடிப்பதற்குள் தலைவரும் பொருளாளரும் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள். சொல்லி முடித்த சத்தியசீலனும் வேண்டாம் என்றார். அந்த மூன்று பேரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போய் நான் பார்த்தது அன்றுதான்.

மூன்றாவது செயலியை யாரும் திறந்தே பார்த்ததில்லை. அதனால் அதில் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஏகமனதாகத் தேர்வானது.

ஆனாலும் அவசரப்படக் கூடாதல்லவா? சபாக் பெர்ணம் பக்கம் ஒரு சங்கம் அதே செயலியை வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டு, பஸ் எடுத்து ஆய்வுப் பயணம் போனோம். போய்ப் பார்த்தால் ஆபீஸ் பூட்டிக் கிடக்கிறது. காவல்காரர் சொன்னார்: "நிர்வாகத்துல எல்லாரும் கோலசிலாங்கூருக்குப் போயிருக்காங்க. அங்க ஒரு சங்கம் இதைச் சூப்பரா செய்யுதாமே, பாத்துட்டு வர."

"எந்தச் சங்கம்?"

"அருணோதயமாம்."

எங்கள் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. மீன் கறியோடு சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம். பயணம் பெரிதும் பயனுள்ளதாக அமைந்தது என்று சத்தியசீலன் அறிக்கை கொடுத்தார். அது ஏற்றுக்கொள்ளப்பட்டது.

அடுத்த கூட்டத்தில் பாதுகாப்பு விதிகள் வகுக்கப்பட்டன. எங்கிருந்தும் திறக்கக்கூடிய அச்செயலியை, சங்க ஆபீஸ் தவிர வேறு எங்கிருந்தும் திறக்கக் கூடாது. வேலை இல்லாத நேரத்தில் இணையம் ஆபீஸில் தனியாக இருக்கக் கூடாது. அதனால் வைஃபை பெட்டியைப் பொருளாளர் தினமும் கைப்பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும்.

அப்புறம்தான் பாஸ்வேர்ட் பிரச்சினை வந்தது. அது யாரிடம் இருப்பது?

"கோயில் உண்டியலுக்கு மூணு பூட்டு, மூணு சாவி. தலைவர் ஒண்ணு, செயலாளர் ஒண்ணு, பொருளாளர் ஒண்ணு. நாம என்ன சாமியை விடப் பெரிய ஆளா?" என்றார் தலைவர்.

பாஸ்வேர்ட் மூன்று பங்காகப் போடப்பட்டது. ஒருவர் தன் பங்கைத் தட்டும்போது மற்ற இருவரும் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். ஒத்திகை பார்த்தார்கள். பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கிய பிள்ளைகள் மாதிரி நின்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்கிற நிலைமையிலா நான் இருந்தேன்? மகள் கல்யாணத்துக்கு இன்னும் மண்டபம் இல்லை.

"தம்பி, எல்லாம் ரெடியாச்சுல்ல? என் மக பேரைப் பதிங்க" என்றேன்.

"திறப்பு விழா ஆகலையேண்ணே. வட்டாரத்துச் சட்டமன்ற உறுப்பினர் ஒய்.பி. கையால தொறந்தப்புறம்தான் பதிவு. நல்ல நாளா பாத்து வெச்சிருக்கோம்." சத்தியசீலன் தேதியைச் சொன்னார்.

என் மகளுடைய முகூர்த்த ஞாயிறு!

"அடப்பாவிகளா, அன்னைக்குத்தான் என் மக கல்யாணம்!"

"பதிவாயிருக்கா?"

"நீங்கதானே பதிய விடல!"

"பதியலன்னா மண்டபம் காலின்னுதானே அர்த்தம்? காலியா இருந்ததாலதான் விழா வெச்சோம்."

"என்னலா பேச்சு இது?"

"விழா பத்தரைக்கு முடிஞ்சிரும்ணே. மொதப் பதிவே உங்களோடதுதான். பதினொரு மணிக்குத் தாலி கட்டிக்கட்டும்."

"முகூர்த்தம் ஒம்பதுல இருந்து பத்தரை!"

தலைவர் நெற்றியைத் தடவி யோசித்தார். "முகூர்த்தத்தை ஒத்திவைக்கச் சொல்லி ஐயருக்கு ஒரு கடிதம் போட்டா என்ன?"

அவ்வளவுதான், எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு எழுந்தேன். "மூணு பேரும் சேர்ந்து ஊரைக் கேனையன் ஆக்குறீங்களா? மண்டபம் உங்க அப்பன் வீட்டுச் சொத்தா? போர்டுல ஒரு பேரை எழுத இத்தனை கூத்தா?" தொண்டை கிழியக் கத்தினேன். அங்கே மண்டபம் கேட்டு வந்து காத்திருந்தவர்கள் ஒரு கூட்டமே இருந்தது. கைதட்டினார்கள். "விடாதீங்கண்ணே!" என்று விசிலும் பறந்தது.

நிர்வாகிகள் மூவரும் மூலைக்குப் போய்க் கிசுகிசுத்தார்கள். திரும்பி வந்த தலைவர் என் தோளில் கை போட்டார். இன்னொரு கையில் ஒரு துண்டு இருந்தது. அதை எனக்குப் போர்த்தினார்.

"இப்படி நியாயத்துக்குக் குரல் குடுக்குற ஆளுதான் நிர்வாகத்துக்கு வேணும். சிவானந்தத்தைத் துணைச் செயலாளரா நியமிக்கிறோம். பாஸ்வேர்டை நாலா பங்கு போட்டு, கடைசிப் பங்கை அவர்கிட்ட ஒப்படைக்கிறோம்."

மறுபடியும் கைதட்டல். என் கோபம் எந்தப் பக்கமாகப் போனதென்று எனக்கே தெரியவில்லை. கண் கலங்கிவிட்டது. லோரிக்காரன் என்று ஒதுக்கி வைத்த கிராணி எனக்குத் துண்டு போர்த்துகிறார் என்றால் சும்மாவா?

வீட்டுக்குப் போனதும் விஷாலினி ஓடி வந்தாள். "மண்டபம் கெடச்சுதாப்பா?"

"அதைவிடப் பெருசு கெடச்சிருக்கும்மா."

"என்னது?" என்று கேட்டாள் என் மனைவி கலாவதி.

"சொல்லக் கூடாது."

கலாவதி என்னை மேலும் கீழும் பார்த்தாள். விஷாலினி போனை எடுத்து ரவாங்கில் ஒரு மண்டபத்துக்காரரைக் கூப்பிட்டாள். நான் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு வருவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

"எந்தச் செயலியில பதிஞ்சாரு?" என்று கேட்டேன்.

"தெரியலப்பா. 'சரிம்மா, வாங்க'ன்னாரு."

இப்படிப் பொறுப்பில்லாமலும் மண்டபம் நடத்துகிறார்களே என்று எனக்கு வருத்தமாக இருந்தது.

கல்யாண நாள் வந்தது. தாலி கட்டியதும் காரை எடுத்து விழாவுக்கு ஓடிவிடலாம் என்பது என் திட்டம். ஆனால் ஐயர் இன்னொரு கல்யாணத்தை முடித்துவிட்டுத் தாமதமாக வந்து சேர்ந்தார். மணவறையில் புகை எழும்ப ஆரம்பித்த நேரம், என் போன் அடித்தது.

"அண்ணே, ஒய்.பி. மேடையில ஒக்காந்திருக்காரு" என்றார் சத்தியசீலன். "மூணு பங்கும் போட்டாச்சு. உங்க பங்கைச் சட்டுன்னு போன்ல சொல்லுங்க."

"போன்லயா? கூட்டத்துல என்ன தீர்மானம் போட்டோம்? ஆள் நேர்ல வந்து தட்டணும்னு இல்ல?"

"அப்போ வாங்க!"

நியாயமான பேச்சு. துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டு எழுந்தேன். கலாவதி சொம்பும் தட்டுமாக நின்றாள். "எங்க போறீங்க? தாரை வார்க்கணும், ஐயர் கூப்பிடப் போறாரு!"

"அலுவல்."

தலை குனிந்திருந்த மகள் நிமிர்ந்து பார்த்தாள். "அப்பா..."

கல் நெஞ்சமா எனக்கு? "அஞ்சு நிமிஷம்மா" என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்தேன். ரவாங்கிலிருந்து கோலசிலாங்கூருக்கு எந்தக் காலத்தில் ஐந்து நிமிஷத்தில் வந்திருக்கிறார்கள் என்று கேட்காதீர்கள். பொறுப்பில் இருப்பவன் சொல்லும் ஐந்து நிமிஷம் வேறு.

போய்ச் சேர்ந்தபோது ஒய்.பி. மவுஸைப் பிடித்தபடி போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டிருந்தார். கம்ப்யூட்டருக்குச் சந்தனப் பொட்டு, அதன் காலடியில் எலுமிச்சம்பழம். முதலிலிருந்து ஆரம்பித்தோம். ஒவ்வொருவராகத் தட்டினோம், மற்றவர்கள் சுவரைப் பார்த்தோம். கடைசியில் நான் என் பங்கைத் தட்டினேன்.

பாஸ்வேர்ட் தவறு என்று வந்தது.

"என் பங்கு சரி" என்றார் தலைவர்.

"என் பங்கும் சரி" என்றார் செயலாளர்.

"எனக்கு மறதியே கிடையாது" என்றார் பொருளாளர்.

மூவரும் என்னைப் பார்த்தார்கள். வரும் வழியெல்லாம் மகள் முகம்தான் கண்ணுக்குள் நின்றது. என்ன தட்டினேன் என்று சத்தியமாக எனக்கு நினைவில்லை.

"என் பங்கு சரி" என்றேன் நானும்.

இன்னும் இரண்டு தடவை தட்டிப் பார்த்ததும் செயலி தன்னைத் தானே பூட்டிக்கொண்டது. உஷாராணி வைஃபை பெட்டியைக் கழற்றிப் பைக்குள் வைத்தார். விழா இனிதே நிறைவுற்றது.

வெளியே வந்து கலாவதிக்குப் போன் போட்டேன். "இன்னும் கொஞ்ச நேரத்துல கெளம்பிருவேன். ஐயரை இருக்கச் சொல்லு."

"தாலி கட்டியாச்சு."

"நான் இல்லாமலா? யார் தாரை வார்த்தது?"

"பொண்ணோட அப்பா எங்கன்னு ஐயர் கேட்டாரு. என் தம்பியையும் அவன் பொண்டாட்டியையும் இழுத்து ஒக்கார வெச்சேன்."

"சுகுமாரனா? யாரைக் கேட்டு? எந்தக் கூட்டத்துல முடிவெடுத்தீங்க?"

போன் துண்டிக்கப்பட்டது. கல்யாண ஆல்பத்தில் நான் இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் என் மச்சான்தான் பல்லைக் காட்டிக்கொண்டு இருக்கிறான். பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது.

மண்டபம் இப்போது காலியாக இருக்கிறது. யாருக்கும் பதிய முடியாததால் மிகவும் சுத்தமாகவும் இருக்கிறது. யாருடைய பங்கு தவறு என்பதை நடுநிலையோடு கண்டறிய, பாஸ்வேர்டில் ஐந்தாவது பங்கு ஒன்றை உருவாக்குவதென்று நிர்வாகம் தீர்மானித்தது. அன்று எனக்குக் கைதட்டியவர்கள், விசிலடித்தவர்கள், மண்டபம் கிடைக்காமல் எங்களை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுப் போனவர்கள் எல்லாரும் அந்தப் பங்கைக் கேட்டு மனுப் போட்டிருக்கிறார்கள். மண்டபம் வேண்டும் என்று அதில் ஒருத்தர்கூட எழுதவில்லை.

மனுக்களைப் பரிசீலிக்கும் பொறுப்பு துணைச் செயலாளராகிய என்னுடையது. சுகுமாரனும் ஒன்று அனுப்பியிருந்தான். அக்காள் மகளைத் தாரை வார்த்துக் கொடுத்ததை முன் அனுபவமாகக் காட்டியிருந்தான். முறையான அனுமதி பெறாமல் செய்த காரியம் என்று குறிப்பெழுதி, கையெழுத்துப் போட்டுத் தள்ளுபடி செய்துவிட்டேன்.