அடுத்த வாரம் கடலேறுபவர்

கடலில் போகிறவர்கள் உண்டு, கடல் பக்கமே போகாதவர்கள் உண்டு. இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் மூன்றாவதாக ஓர் இனம் இருக்கிறது: கடலுக்குப் போக ஆயத்தம் செய்துகொண்டிருப்பவர்கள். இவர்களை ஆயத்தக்காரர்கள் என்று வைத்துக்கொள்வோம். கடற்கரை ஊர்களில் போய்த் தேடாதீர்கள். அலை ஓசை எட்டாத ஊரில்தான் இந்த இனம் கொழுகொழுவென்று வளர்கிறது. நான் கண்டதில் முதல்தரமான மாதிரி, பாலக்காட்டில் எங்கள் கல்பாத்தித் தெருவில் இருக்கும் யக்ஞநாராயணன்.

தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் இன்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்ற மறுமாதம், கொச்சியில் நின்றிருந்த ஒரு பாய்மரப் படகை வாங்கினார். விற்றவர் ஒரு வெளிநாட்டுக்காரர். அந்தப் படகிலேயே பாதி உலகத்தைக் கடந்து வந்தவர். படகில் இருந்தவை ஒரு நங்கூரம், இரண்டு பாய்கள், கொஞ்சம் கயிறு, ஒரு வாணலி. உள்ளே எட்டிப் பார்த்த நம்மவர் திகைத்துப் போனார்.

"இந்த மனுஷன் எப்படி உசிரோட வந்து சேர்ந்தான்?"

அன்றைக்கு ஆரம்பித்த ஆயத்தம் ஆறு வருஷம் நடந்தது. சனிக்கிழமைதோறும் தோளில் ஒரு பையும் கையில் ஒரு பெட்டியுமாக எர்ணாகுளம் ரயிலேறுவார். உப்புத் தண்ணீரை நல்ல தண்ணீராக்கும் இயந்திரம், அது கெட்டால் மாற்றுவதற்கு அதன் உறுப்புகள், அந்த உறுப்புகளைக் கழற்றுவதற்குத் தனி ஸ்பானர்கள், இரண்டாவது நங்கூரம், இரண்டாவது அறுந்துபோனால் மூன்றாவது, சூரிய ஒளித் தகடுகள், மழைக்காலத்துக்கு வேறு ஏற்பாடு என்று ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்ந்து படகின் வயிற்றை நிரப்பின. படகு என்ன செய்யும்? தாழ்ந்தது. தண்ணீர் எதுவரை தொடலாம் என்று அதன் பக்கத்தில் ஒரு கோடு போட்டிருப்பார்கள். அந்தக் கோடு மூழ்கிவிட்டது. சாமான்களை இறக்கினாரா? படகைக் கரையேற்றி, கோட்டை நாலு விரல்கடை மேலே தள்ளிப் புதிதாக வரைந்தார். இரண்டு முறை.

எப்போது புறப்பாடு என்று கேட்டுப் பாருங்கள். "அடுத்த வாரம். ஒண்ணே ஒண்ணு பாக்கி, அது வந்துட்டாக் கிளம்பிடலாம் ஆக்கும்" என்பார். அந்த ஒன்று வந்துவிடும். கூடவே அதற்கு ஒரு தம்பி பாக்கி இருப்பது தெரியவரும். சிரித்தீர்களோ, முகம் கடுத்துவிடும். "கடல் மன்னிக்காது, கேட்டேளா?" கடலோடு அவருக்கு இருந்த பழக்கம், துறைமுக வாய்வரை போய்த் திரும்பிய ஒன்றரை மணி நேரம். ஆனாலும் கடலோடிகளின் வாட்ஸ்அப் குழுவில் அவர்தான் பெரியவர். நடுக்கடலில் பாய் கிழிந்துவிட்டது என்று ஒருவர் எழுதினால், கிழியாமல் இருக்க என்ன செய்திருக்க வேண்டும் என்று பதினான்கு பகுதிகளாகப் பதில் போகும். அந்த ஆள் தைத்து முடித்து, கரை சேர்ந்து, குளித்துவிட்டு வரும்போது பதினோராம் பகுதி வந்துகொண்டிருக்கும்.

இப்படியே போயிருந்தால் எழுத ஒன்றும் இல்லை. அவர் மனைவி ராஜஸ்ரீ பள்ளிக்கூடத்தில் முப்பத்தொரு வருஷம் பூகோளம் நடத்தியவர். கரும்பலகையில் அரபிக்கடலை எத்தனை முறை வரைந்திருப்பார் என்று அவருக்கே தெரியாது. நேரில் அதன் மேல் ஒரு முழம்கூடப் போனதில்லை. ஜூனில் பெண் ஜானவியின் பிரசவத்துக்காக வெளிநாடு போகவேண்டும், திரும்ப ஒரு வருஷம் ஆகும். மணிக்கட்டில் வாத வலி வேறு தொடங்கியிருந்தது. இந்த மார்ச்சை விட்டால் அப்புறம் இல்லை என்று அவர் மனத்துக்குள் கணக்குப் போட்டார். கணவரிடம் சொல்லாமல் லட்சத்தீவுக்குப் போக பெர்மிட் கேட்டு எழுதிப் போட்டார். வாங்கி வந்து, சாம்பார் ஊற்றும்போது இலைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இதுல தேதி போட்டிருக்கு. பாத்துக்கோங்கோ."

துணைக்கு ஆள் வேண்டுமே. மலைமேல் இருக்கும் சூரியநெல்லிக்குப் போனார்கள். அங்கே பாண்டீஸ்வரன் என்று ஒருவர், தேயிலை எஸ்டேட்டில் தொழிலாளர் லயத்தில் பிறந்து, கொச்சியில் மீன்பிடி போட்டில் வேலை பார்த்து, பிறகு அடுத்தவர்களின் பாய்மரப் படகுகளைத் துறைமுகம் துறைமுகமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தவர். ஐம்பது வயதுக்குமேல் ஊர் திரும்பி, ஆனையிறங்கல் அணையில் சுற்றுலாக்காரர்களைப் படகில் ஏற்றிச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். நம்மவர் ஒரு மணி நேரம் சாமான் பட்டியலை வாசித்தார். பாண்டீஸ்வரன் பொறுமையாகக் கேட்டார்.

"எல்லாம் சரி சார். எப்பக் கெளம்புறோம்?"

அந்தக் கேள்விக்கு ராஜஸ்ரீதான் தேதி சொன்னார்.

கொச்சிக்கு வந்த பாண்டீஸ்வரன் படகின் உள்ளே இறங்கினார். இறங்கினார் என்பது மரியாதைக்கு; நுழைய இடம் தேடினார் என்பதே உண்மை.

"ரெண்டு நங்கூரம் சரி. மூணாவது எதுக்கு சார், ஆடு கட்டவா?"

"சேஃப்டி முக்கியம் ஆக்கும்" என்றார் நம்மவர். எதையும் இறக்கவிடவில்லை.

புறப்படும் காலை நல்ல காற்று, தெளிந்த வானம். யக்ஞநாராயணன் படகுத்துறையில் நின்றுகொண்டு போனைப் பார்த்தார். பம்ப்புக்கு ஒரு ரப்பர் வளையம் திங்கட்கிழமைதான் வருகிறதாம். இரண்டே நாள் தள்ளினால் போதுமாம். ராஜஸ்ரீ ஏற்கெனவே படகில் உட்கார்ந்திருந்தார்.

"பாண்டி, கயித்தை அவுத்துடுங்கோ" என்றவர், கணவரைப் பார்த்துக் குரலை உயர்த்தாமல் கேட்டார். "ஏன்னா, நீங்க ஏறறேளா, இல்லே வளையத்தை வாங்கி வச்சுண்டு காத்திருக்கேளா?"

படகுக்கும் துறைக்கும் நடுவில் ஒரு முழத் தண்ணீர் தெரிந்தபோது அவர் தாவி ஏறினார். அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும் என்று ராஜஸ்ரீ பிற்பாடு சொன்னார்; இனி வருவதெல்லாம் அவர் சொல்லக் கேட்டதுதான்.

முதல் நாள் முழுவதும் யக்ஞநாராயணன் ஒரு வாளியைக் கட்டிக்கொண்டு கிடந்தார். கொண்டுவந்த சாமான்களில் அன்றைக்கு உபயோகமானது அந்த வாளி ஒன்றே. இரண்டாம் நாள் காலை, படகைத் தானாகத் திசை பிடித்து ஓட்டும் ஆட்டோபைலட் நின்றுவிட்டது. படுக்கையிலிருந்து உற்சாகமாக ஒரு குரல் வந்தது.

"அதுக்கு ஸ்பேர் இருக்கு. ஒன்பதாம் நம்பர் அறை."

ஒன்பதாம் நம்பர் அறை என்பது தரைப் பலகைக்கு அடியில் ஒரு பொந்து; அதன்மேல் தண்ணீர் இயந்திரம். அதன்மேல் மூன்றாவது நங்கூரம். அதைச் சுற்றிலும் பெட்டிகள். பாண்டீஸ்வரன் நிதானமாக எல்லாவற்றையும் பார்த்தார்.

"இத எடுக்கணும்னா மொதல்ல அத எடுக்கணும் சார். அத எடுத்து வைக்கணும்னா நாம மூணு பேரும் எறங்கி வெளிய நிக்கணும்."

வெளியே இருந்தது கடல். ஆகவே சுக்கானைக் கையால் பிடிப்பது என்று முடிவாயிற்று. பாண்டீஸ்வரன் பெரும்பங்கு நேரம் பிடித்தார், களைத்துத் தூங்கப் போனார். ராஜஸ்ரீ பிடித்தார். மத்தியானத்துக்குமேல் காற்று ஏறியது, சுக்கான் இழுக்க ஆரம்பித்தது, மணிக்கட்டு வீங்கிவிட்டது.

"ஏன்னா, இனிமே என்னால முடியலை. வந்து பிடிங்கோ."

"நானா? பாண்டியை எழுப்பேன்."

"அவர் இப்பத்தான் கண்ணை மூடினார். வாங்கோ."

"இடுப்புக்கு அந்தப் பெல்ட்..."

"போட்டுண்டுதான் இருக்கேள். நேத்திலேர்ந்து."

வந்தார். பிடித்தார். படகு ஒருபக்கம் வெட்டித் திரும்ப, பாய் படபடவென்று அடித்தது. இந்தப் பக்கம் இல்லை, அந்தப் பக்கம் என்று ராஜஸ்ரீ கைகாட்டினார். நாலைந்து அலைகளுக்குப் பிறகு படகு அடங்கி, சாய்ந்து, சீராக ஓடத் தொடங்கியது. மூக்குக்கண்ணாடியில் உப்புத்தண்ணீர் தெறித்து வழிந்தது. துடைப்பதற்கென்றே வாங்கிய துணி சட்டைப்பையில் இருந்தது, அவர் எடுக்கவில்லை. இரண்டு மணி நேரம் சுக்கானிலிருந்து கையை எடுக்கவில்லை. கல்யாணமாகி முப்பத்து நாலு வருஷத்தில் அவர் யாருக்கும் யோசனை சொல்லாமல் இருந்த இரண்டு மணி நேரம் அதுதான் என்று ராஜஸ்ரீ சொன்னார். பாண்டீஸ்வரன் எழுந்து வந்து கையை நீட்டினார்.

"கொஞ்ச நேரம் நானே வச்சுக்கறேன்" என்றார் யக்ஞநாராயணன்.

மூன்றாம் நாள் காலையில் தீவு தெரிந்தது. நங்கூரம் போட்டார்கள். ஒன்றுதான் போட்டார்கள், அது பிடித்துக்கொண்டது. ராஜஸ்ரீ முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கி, வெகுநேரம் அப்படியே நின்றார்.

"இங்கன எல்லாத்தையும் மணல்ல எறக்கி வச்சு, அந்த ஸ்பேர எடுத்து மாட்டிருவமா சார்?" என்று கேட்டார் பாண்டீஸ்வரன்.

நம்மவர் கொஞ்சம் யோசித்தார். "வேண்டாம். கையாலேயே போயிடலாம்."

திரும்பி வரும்போது பாதித் தூரம் அவரே சுக்கானைப் பிடித்து வந்தார்.

ஆசாமி தேறிவிட்டார் என்று முடித்துவிட எனக்கும் ஆசைதான். ஊர் திரும்பிய பதினைந்தாம் நாள் வாசலில் ஒரு பார்சல் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கியவர் ராஜஸ்ரீ.

"என்ன இது?"

"மாலத்தீவுக்கு ஆக்கும். தூரம் ஜாஸ்தி. அதுக்கு வேற மாதிரி..."

"தேதி சொல்லுங்கோ. பிரிச்சுத் தரேன்."

பார்சல் பரணில் இருக்கிறது. அதற்கப்புறம் வந்த நாலும் அதன் பக்கத்திலேயே இருக்கின்றன. நேற்றுவரை அவர் தேதி சொல்லவில்லை.

பாவம் மனிதர் என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்களிடம் படகு இல்லை, பாய் இல்லை, பரண்கூட இல்லாமல் இருக்கலாம். ஆனால் ஒரு நல்ல நாளுக்காக, ஒரு நல்ல பேனாவுக்காக, பிள்ளைகள் செட்டில் ஆவதற்காக நீங்கள் தள்ளிவைத்த காரியம் ஒன்று உண்டல்லவா? இந்த வரியைப் படிக்கும்போது சட்டென்று ஞாபகம் வந்ததே, அதுதான். எழுந்துபோய் அதைத் தொடங்குங்கள் என்று நான் சொல்லமாட்டேன். நீங்கள் முதலில் இதை நாலு பேருக்கு அனுப்பிவிட்டு, அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் மற்றதை யோசிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.