தகரக் கூடும் புள்ளிக்கோழியும்

சாக்கை வாளிக்குள் அமுக்கினால் முதலில் அது முண்டும். உள்ளே இருக்கிற காற்றெல்லாம் குமிழ் குமிழாக வந்து வெடிக்கும். பிறகு கனத்துப்போய்க் கிடக்கும். தூக்கிப் பிழிந்து உதறுவதற்குள் தோள்மூட்டு கழன்றுவிடும். காலையிலிருந்து இது மூன்றாவது தடவை. பொழுது சாய்வதற்குள் இன்னும் இரண்டு தடவை நனைக்க வேண்டும். பங்குனி வெயில் போய்ச் சித்திரை வெயில் வந்துவிட்டது. எங்கள் ஊரான கனகராயன்குளத்தில் கிணற்றுக்குள் வாளியை விட்டால் அடித்தரையைத்தான் தட்டுகிறது. இருக்கிற அந்தக் கொஞ்சத் தண்ணீரையும் ஒரு சாக்கு குடித்துக்கொண்டிருக்கிறது.

எல்லாவற்றுக்கும் காரணம் என் வீட்டுக்காரருடைய இரண்டு தகரம்.

அவர் பெயர் பழனியாண்டி. வாயால் சொல்ல மாட்டேன். மனசுக்குள் சொன்னால் குற்றமில்லை என்று நினைக்கிறேன்.

எழுபத்தேழில் கலவரம் வந்தபோது நாங்கள் தேயிலைத் தோட்டத்தை விட்டு லொறி ஏறினோம். அப்போது எனக்குக் கல்யாணமாகி மூன்று மாதம். சனங்கள் பானை, பாய், சாமிப்படம் என்று கைக்குக் கிடைத்ததை எடுத்தார்கள். அவர் நாங்கள் குடியிருந்த லயத்துக் கூரையில் ஏறி இரண்டு தகரத்தைக் கழற்றினார். லொறிக்காரன் ஏசினான்.

"தகரத்த ஏத்தினா நாலு பேரு எடம் போகுதுய்யா."

"நான் அது மேல நின்னுக்கிட்டு வாறேன்."

நின்றுகொண்டேதான் வந்தார். என் அம்மாவின் மடியில் ஒரு கூடை இருந்தது. கூடைக்குள் ஒரு கோழி. அவ்வளவுதான் நாங்கள் கொண்டுவந்த சொத்து.

இங்கே வந்த இரண்டாம் வருஷம் அம்மா மலேரியாக் காய்ச்சலில் போய்விட்டா. கடைசியாக என்னிடம் கேட்டது, "கோழிக்குத் தண்ணி வச்சியா?" என்பதுதான். வைத்தேன் என்றேன். வைக்கவில்லை. அதற்குப் பிறகு இன்றைக்கு வரைக்கும் ஒரு நாளும் மறந்ததில்லை.

இந்த வருஷம் மாசி மாதம் அவர் கோழிக்கூடு கட்டப் போவதாகச் சொன்னார். கோட்டை கட்டப் போகிற மாதிரிச் சொன்னார். நான்கு பக்கமும் மண் சுவர். சுவரில் ஒரு விரல் நுழைய இடமில்லை. மேலே, இத்தனை நாள் வீட்டுக்குள் சாத்தி வைத்திருந்த அந்த இரண்டு தகரம். முன்னால் ஒரு ஆள் தவழ்ந்து போகிற அளவுக்குக் கதவு. கதவை விட்டால் மரத்தாழ்ப்பாள் தானாக விழும். வெளியிலிருந்துதான் திறக்கலாம். மரநாய் என்ன, மரநாயின் மாமனார் வந்தாலும் முடியாது என்றார்.

பக்கத்து வளவு அன்னபாக்கியம் அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தா. அவாவின் ஆட்கள் யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து குளத்துக் காணிக்கு எப்போதோ வந்தவர்கள். வெயிலுக்குப் பழகின சனம்.

"பிள்ளை, உது கோழிக்கூடோ, பாண் சுடுற போறணையோ?"

"கூடுதானக்கா."

"மாவைக் குழைச்சு உள்ளுக்கை வைச்சுப் பார். பின்னேரம் பாண் எடுக்கலாம்."

இதை நான் அவரிடம் மெதுவாகச் சொன்னேன்.

"அந்தக்கா பொறந்தது வெயில்ல. அதுக்கு என்ன தெரியும்? தோட்டத்துல பனி பெய்யுற காலம் கூட்டுல ஒரு ஓட்டை இருந்தா, விடியிறதுக்குள்ள கோழி வெறைச்சுப் போகும். எங்கப்பா சொன்னது."

"இங்க பனி பெய்யலீங்களே."

"பெஞ்சா?"



பங்குனி பிறந்து பத்தாம் நாள் உச்சி நேரம் கூட்டைத் திறந்தேன். இரண்டு கோழி செட்டையை விரித்து, வாயைத் திறந்தபடி கிடந்தன. தொட்டால் சட்டி மாதிரிச் சுட்டன.

"நோய்," என்றார்.

"என்ன நோய்ங்க?"

"கோழி நோய்."

என் முகத்தைப் பார்க்காமல் வேலியோரம் குழி தோண்டிப் புதைத்தார். மிச்சம் இருந்தது ஒரே ஒரு புள்ளிக்கோழி. அம்மா மடியில் வந்த கோழியின் வழியில் கடைசி அதுதான். அது அப்போதுதான் ஒன்பது முட்டையில் அடை படுத்திருந்தது. அதுவும் போனால் மலையிலிருந்து வந்த உயிரென்று அந்த வளவில் நாங்கள் இரண்டு பேர்தான்.

"வெளியில வச்சா கீரி தூக்கிரும்," என்றார். "உள்ளயே இருக்கட்டும்."

சூடு தூக்கிவிடுமே என்றேன். ஆனால் வாய்க்குள்தான் சொன்னேன். எனக்குப் பெரிய பேச்செல்லாம் வராது.

அதனால் பேசாமலே செய்தேன். அவர் விடிய வேலைக்குப் போனதும் கோழி, முட்டை, வைக்கோல் எல்லாவற்றையும் கூடையோடு தூக்கிக் கிணற்றடி வாழைக்குக் கீழே வைத்தேன். குளிக்கிற தண்ணீர் ஓடுகிற இடம், மண் எப்போதும் ஈரம். கூடைக்கு மேலே நனைத்த சாக்கு. எட்டுகிற தூரத்தில் ஒரு சட்டித் தண்ணீர். தீனி காலையிலும் வெயில் தாழ்ந்த பிறகும் மட்டும். மகள் ஞானேஸ்வரியை மடியில் போட்டுக்கொண்டு, கீரிக்கும் பருந்துக்கும் ஒரு தடியை வைத்துக்கொண்டு நானும் அங்கேயே இருந்தேன். அவர் வருகிற நேரம் பார்த்துக் கூடையைத் திரும்பக் கூட்டுக்குள் வைத்துவிடுவேன்.

வந்ததும் கையை உள்ளே விட்டுக் கோழியைத் தடவிப் பார்ப்பார்.

"பாத்தியா? எப்பிடிக் குளுகுளுன்னு இருக்கு. தகரம்னா தகரம்தான்."

"ஆமாங்க."

நான்கு நாள் இப்படிப் போனது. ஐந்தாம் நாள் வேலை பாதியில் நின்றுபோய் உச்சி வெயிலில் வந்துவிட்டார். கோழி வாழைக்குக் கீழே. அவர் நேரே கூட்டுக்குப் போகிறார். எனக்குக் கால் ஓடவில்லை. ஆனால் வாய் ஓடிவிட்டது.

"முட்டை ஒண்ணு உள்மூலைக்கு உருண்டிருச்சு போல. புள்ள இடுப்புல, எனக்கு எட்டலீங்க. கொஞ்சம் உள்ள போய்ப் பாருங்களேன்."

தவழ்ந்து உள்ளே போனார். நான் கதவைப் பிடித்திருந்தேன். பிறகு கையை எடுத்தேன். அவ்வளவுதான் நான் செய்தது. மிச்சத்தை அவருடைய தாழ்ப்பாள் செய்தது.

உள்ளேயிருந்து கத்துவார், வேகுதே என்பார், அப்போது திறந்து விட்டு ஒரு சிரிப்புச் சிரிக்கலாம் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. ஏசவுமில்லை. பிறகு ஒரு சத்தம் வந்தது. விரலால் தகரத்தைத் தட்டுகிற சத்தம். முதலில் ஒன்று, இரண்டு. பிறகு கடகடவென்று. பிறகு மெல்ல மெல்லக் குறைந்து, நின்றுபோனது.

ஓடிப்போய்த் திறந்தேன். தவழ்ந்தே வெளியில் வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நெற்றியில் மண்.

"கோழி எங்க?"

"வாழைக்குக் கீழ."

"எப்பருந்து?"

"நாலு நாளா."

"அப்ப நான் நேத்துத் தடவிப் பாத்தது?"

"அப்பதாங்க கொண்டாந்து வச்சேன்."

அவர் கிணற்றடிக் கல்லில் போய்க் குந்தினார். நான் இரண்டு வாளி தலையில் ஊற்றினேன்.

"ஏங்க கூப்பிடல?"

"கூப்பிட்டா அன்னபாக்கியம் அக்கா வரும். பாண் வெந்துருச்சான்னு கேக்கும்."

அப்போது சிரித்திருக்கலாம். ஆனால் அவர் தலையைத் துடைத்தபடி குனிந்துகொண்டே சொன்னார், "உள்ள மல்லாந்து படுத்து தகரத்தத் தட்டிப் பாத்தேன். நம்ம லயத்துல மழை பெய்யுமே, அந்தச் சத்தம் வருதான்னு."

"வந்துச்சா?"

"இல்ல. சூடுதான் வந்துச்சு."

இங்கே அவர் கூரை போட்ட நாளிலிருந்து அந்தத் தகரத்தில் ஒரு மழையும் பெய்யவில்லை. மழை வரட்டும் என்று பார்த்திருந்த மனிசனைப் பிடித்து நான் போறணைக்குள் போட்டிருக்கிறேன்.

அடுத்த நாள் நான் விறகு பொறுக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் கூட்டுக்குத் தகரம் இல்லை. நல்ல தடிப்பாகத் தென்னங்கிடுகு போட்டிருக்கிறது. சுவரின் மேற்பக்கம் ஒரு முழம் வெட்டி, கீரி நுழையாதபடி கம்பு பின்னியிருக்கிறது. உள்ளே கையை வைத்தேன். குளிர்ச்சி. புள்ளிக்கோழி கண்ணை மூடிக்கொண்டு ராணி மாதிரி இருந்தது. பேசாமலே வென்றுவிட்டேன் என்று விறகைக் குசினிக்குக் கொண்டுபோனேன்.

குசினிக்கு மேலே இரண்டு தகரம்.

கூட்டின் மேலே இருக்கிற கிடுகு என் குசினிக் கிடுகு.

"என்னங்க இது?"

"கோழிக்கு ஆகாதுன்னுதானே செஞ்சு காட்டின? பொம்பளைக்கு ஆகாதுன்னு காட்டலியே."

மேலே ஒரு ஆணியை அடித்து முடித்துவிட்டு மெதுவாகச் சொன்னார், "மழை பெஞ்சா நீதான் முதல்ல கேப்ப."

ஆகவே இந்தச் சாக்கு கோழிக்கு அல்ல. என் குசினித் தகரத்துக்கு. வேலிக்கு மேலால் அன்னபாக்கியம் அக்கா, "என்ன பிள்ளை, பாண் வெந்திட்டுதோ?" என்று தினமும் கேட்கிறா.

நேற்றுப் பின்னேரம் எங்கிருந்தோ ஒரு முகில் வந்து ஒரு கை அளவு மழையைத் தூவிவிட்டுப் போனது. தகரத்தில் அந்தச் சத்தம். அரை நிமிஷம் இருக்கும். நான் அகப்பையோடு அப்படியே நின்றுவிட்டேன். லயத்துக் காம்பராவில் அம்மா ஒழுக்குக்குச் சட்டி வைப்பா, கோழியைக் கூடையால் மூடுவா, என்னைக் கம்பளிக்குள் தள்ளுவா. அவர் குசினி வாசலில் வந்து நின்று என் கண்ணைப் பார்த்தார்.

"என்ன?"

"புகைங்க."

அடுப்பு மூட்டியிருக்கவில்லை. அவர் அடுப்பைப் பார்த்துவிட்டுக் கூட்டுப் பக்கம் போனார். உண்மையைச் சொன்னால் இந்தத் தகரம் இனி இறங்காது, சாக்கு நனைத்தே என் தோள் தேயும். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். இன்றைக்குச் சாப்பாடு போடும்போது சொல்லிவிடுவேன், எனக்கும் அந்தச் சத்தம் வேண்டும் என்று—

"ஏ புள்ள, இங்க ஓடியா. முட்டைக்குள்ளருந்து தட்டுது."

வாறேங்க, இந்தச் சாக்கை மட்டும் மேலே போட்டுட்டு…